குன்னூர்க் குளிரில் ஒரு தயிர் மெஷின்

மதுரையில் இருந்தவரை தயிர் என்பது ஒரு வேலையாகவே தெரிந்ததில்லை. ராத்திரி மிச்சமிருக்கும் பாலில் ஒரு ஸ்பூன் மோரை விட்டுவிட்டுப் படுத்தால் காலையில் தயிர். சித்திரையில் கொஞ்சம் அசந்து தூங்கினால் புளித்துவிடும், அது ஒன்றுதான் கவலை. குன்னூருக்கு மாற்றலாகி வந்ததும் கதையே மாறிவிட்டது. டிசம்பர் ராத்திரியில் வெளியே 9 டிகிரி, சமையலறைக்குள் 14. காலையில் மூடியைத் திறந்தால் பால் பாலாகவே இருக்கும். ஊற்றிய உறைமோர் அடியில் திட்டாகப் படிந்து கிடக்கும்.

அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன். கம்பளியில் சுற்றினேன். ஹாட்பாக்ஸில் வைத்தால் ஒரு நாள் உறையும், மறுநாள் ஏமாற்றும். கடைசியில் 1,700 ரூபாய் கொடுத்து ஆன்லைனில் ஒரு தயிர் மெஷின் வாங்கிவிட்டேன். செய்தியைக் கேட்ட அம்மா போனிலேயே சிரித்தார். “ஏப்பா, தயிருக்குமா கரண்டு பில்லு?”

கரண்டுக்குப் பெரிய செலவெல்லாம் இல்லை. 20 வாட் மெஷின். எட்டு மணி நேரம் ஓடினால் 0.16 யூனிட். வட்டமான பிளாஸ்டிக் தொட்டி, அதன் அடியில் ஒரு ஹீட்டர், 180 மி.லி. கண்ணாடிக் கிண்ணங்கள் ஏழு, மேலே ஒரு பெரிய மூடி, ஒரே ஒரு சுவிட்ச். சூட்டைக் கூட்டிக் குறைக்க எதுவும் கிடையாது, டைமரும் கிடையாது. அந்த ஒற்றைச் சுவிட்ச் என்னை எவ்வளவு சுற்றவைக்கப் போகிறது என்று அன்றைக்குத் தெரியவில்லை.

முதல் தடவை அவசரப்பட்டேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை அப்படியே ஊற்றி, கிண்ணத்துக்கு ஒரு ஸ்பூன் வீட்டுத் தயிரைக் கலந்து, எட்டு மணி நேரம் விட்டேன். கிடைத்தது தயிருமில்லை, மோருமில்லை. அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஒன்றேகால் லிட்டர் குளிர்ந்த பாலை 20 வாட் ஹீட்டர் வெதுவெதுப்பாக்கவே மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். மெஷினின் வேலை சூட்டைப் பிடித்து வைப்பது. பாலைச் சூடாக்குவது நம் வேலை.

இரண்டாவது தடவை ஒழுங்காகப் பாலைக் காய்ச்சினேன். ஆவின் பச்சை பாக்கெட், 4.5 சதவீதக் கொழுப்பு. காய்ச்சுவது கிருமிக்காக மட்டுமில்லை. 85 டிகிரியைத் தாண்டிக் கொஞ்ச நேரம் நின்றால் பாலில் இருக்கும் மோர்ப் புரதம் சுருளவிழ்ந்து கேசீன் என்ற இன்னொரு பால் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டினால்தான் தயிர் நீர்விடாமல் கட்டியாக நிற்கும். குன்னூர் 1,850 மீட்டர் உயரம், இங்கே தண்ணீரே 94 டிகிரியில் கொதித்துவிடும். பால் பொங்கிவிட்டதே என்று உடனே இறக்காமல் சிறு தீயில் பத்து நிமிடம் வைத்தேன். 43 டிகிரிக்கு ஆறியதும் உறை ஊற்றி, மெஷின் மேல் ஒரு துண்டையும் போர்த்திவிட்டுப் படுத்தேன். பத்து மணி நேரம் கழித்துப் பார்த்தால் உறைந்திருந்தது, சந்தேகமில்லை. ஆனால் மேலே விரல் அளவு நீர் பிரிந்து நின்றது. வாயில் வைத்தால் மணல் மணலாக இருந்தது, புளிப்பு பல்லைக் கூசவைத்தது. மனைவி மோர்க்குழம்பு வைத்துச் சமாளித்தாள்.

இந்த இடத்தில்தான் தெர்மாமீட்டரை எடுத்தேன். உண்மையில் இந்த மெஷினோடு பழக ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். கிண்ணங்களில் வெறும் தண்ணீரை ஊற்றி ஐந்து மணி நேரம் ஓடவிட்டு அளந்தேன். சமையலறை 14 டிகிரியாக இருந்த ராத்திரியில் தண்ணீர் 36. பகலில் சமையலறை 21 ஆனபோது 43. அதாவது இது எந்தச் சூட்டையும் குறிவைத்து நிற்பதில்லை, வெளியே இருப்பதைவிட 22 டிகிரி கூட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். துண்டு போர்த்தினால் இன்னும் ஐந்து ஆறு டிகிரி ஏறும். இதையே மே மாதத்தில் மதுரைக்குக் கொண்டுபோனால் 58 டிகிரி வரும், உறைமோரில் உள்ள பாக்டீரியா செத்தே போகும். அம்மா சிரித்தது நியாயம்தான். இன்னொன்றும் தெரிந்தது: நடுக் கிண்ணத்துக்கும் ஓரத்துக் கிண்ணங்களுக்கும் மூன்று டிகிரி வித்தியாசம் இருக்கிறது.

பகலில் கிடைக்கும் அந்த 43 டிகிரியை வீணாக்குவானேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் சாதா யோகர்ட் ஒரு கப் வாங்கி, அதையே உறையாக ஊற்றினேன். யோகர்ட் வேலை செய்வதற்கு இரண்டு பாக்டீரியாக்கள் சேர வேண்டும். ஒன்று, 1905-இல் ஜெனீவாவில் படித்துக்கொண்டிருந்த ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மாணவர் தன் ஊர்த் தயிரில் கண்டுபிடித்த லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸ். மற்றது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ். இரண்டுக்கும் 40-லிருந்து 45 டிகிரி சூடு என்றால் கொண்டாட்டம். ஐந்தே மணி நேரத்தில் உறைந்துவிட்டது. கிண்ணத்தைச் சாய்த்தால்கூட அசையவில்லை, ஸ்பூனால் வெட்டினால் கத்தியில் வெட்டியது போல் நின்றது. நான் குதித்துக்கொண்டு சாதத்தில் போட்டுப் பிசைந்தேன். பிசையப் பிசையத்தான் இது வேறு ஏதோ என்று தெரிந்தது. கெட்டி இருக்கிறது, புளிப்பு இருக்கிறது, தயிர்சாதத்தின் வாசனை மட்டும் இல்லை.

பொங்கலுக்கு வந்திருந்த அம்மாவும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “நல்லாத்தான்ப்பா இருக்கு. தயிர் எங்க?” என்றார்.

வாசனைக்குக் காரணம் இருக்கிறது. வீட்டுத் தயிரில் பெரும்பாலும் வேலை செய்வது லாக்டோகாக்கஸ் வகை பாக்டீரியாவும் அதன் கூட்டாளிகளும். அவற்றுக்கு 25-லிருந்து 30 டிகிரி போதும். வெண்ணெய் வாசம் தருகிற டையசெட்டைலை உண்டாக்குபவை அவற்றில் சில. யோகர்ட்டின் வாசம் அசெட்டால்டிஹைடு, பச்சை ஆப்பிளைக் கடித்தது போல இருக்கும். வீட்டு உறைமோரை 43 டிகிரியில் வைத்தால் சூடு பிடிக்காதவை ஒதுங்கி, சூடு பிடித்தவை மட்டும் பெருகும். ஊரிலிருந்து பாட்டிலில் அடைத்துக் கொண்டுவந்த உறைமோரை நானே இரண்டாவது தடவையில் கெடுத்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. நல்லவேளை, ஃபிரிட்ஜில் பழைய தயிர் அரைக் கப் மிச்சமிருந்தது.

ஆக, எனக்கு வேண்டியது சூட்டைக் குறைக்கிற வழி. துண்டை எடுத்தேன், 36. அதுவும் அதிகம். மெஷின் மூடிக்குக் கீழே ஒரு ஸ்பூனைக் குறுக்கே வைத்து ஒரு விரல் இடைவெளி விட்டேன், 31. பாலையும் 43-க்குப் பதில் 35 டிகிரிக்கு ஆறவைத்து, ஒரு லிட்டருக்கு ஒன்றரை ஸ்பூன் உறை மட்டும் ஊற்றினேன். கட்டியாக வரும் என்று உறையை அள்ளி ஊற்றுவது நான் வெகுநாள் செய்த தப்பு. அள்ளி ஊற்றினால் சீக்கிரம் புளிக்கும், திரிதிரியாகவும் போகும். ராத்திரி ஒன்பது மணிக்கு வைத்தது, காலை ஆறுக்குத் திறந்தேன். மேலே மெல்லிய ஏடு, கீழே வழுவழுவென்று தயிர். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் மதுரை வீட்டுச் சமையலறை வாசம். அம்மா கிண்ணத்தை வாங்கி விரலால் வழித்துச் சாப்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது கிண்ணத்தையும் எடுத்தார்.

அதற்கப்புறம் சின்னச் சின்ன விளையாட்டுகள். நீல பாக்கெட் பாலில் தளதளவென்று வந்தது, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடர் சேர்த்ததும் சரியானது. வாழைப்பழத்தை மசித்துக் கலந்து உறை ஊற்றியது வெட்கக்கேடு, அதைப் பற்றி எழுதப்போவதில்லை. ஒரு ராத்திரி இரண்டு மணி நேரம் கரண்ட் போயிற்று. பயந்துகொண்டே திறந்தேன், ஒரு மணி நேரம் தாமதமாக உறைந்ததைத் தவிர ஒரு குறையும் இல்லை.

பிப்ரவரியில் ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பியபோது உறைமோர் கெட்டுப்போயிருந்தது. கடைத் தயிர் வாங்க மனசில்லை. பச்சை மிளகாய்க் காம்பு வைத்தியத்தைச் செய்து பார்க்கலாம் என்று பத்துக் காம்புகளைக் கழுவி, ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான பாலில் முழுக்கப் போட்டு, அதே 31 டிகிரியில் வைத்தேன். காம்பில் ஒட்டியிருக்கும் லாக்டிக் பாக்டீரியாதான் வேலை செய்கிறது. பதினான்கு மணி நேரம் ஆயிற்று. தளர்வாக உறைந்தது, லேசாகப் பச்சை வாடை அடித்தது, அதைச் சாப்பிடவில்லை. அதிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து அடுத்த கிண்ணம், அதிலிருந்து அடுத்தது. மூன்றாவது தலைமுறையில் வாடை போய் நல்ல தயிர் வந்தது. ஊர்த் தயிரின் ருசி அது இல்லை, ஆனால் இந்த வீட்டிலேயே பிறந்தது. இப்போது எங்கள் வீட்டு உறைமோர் அதுதான். அதில் ஒரு ஸ்பூன் எடுத்துச் சின்ன டப்பாவில் போட்டு ஃப்ரீசரிலும் வைத்திருக்கிறேன்.

யோகர்ட்டையும் விட்டுவிடவில்லை. பகலில் 43 டிகிரியில் அது, ராத்திரி 31-இல் தயிர். யோகர்ட்டை மல் துணியில் கட்டி நாலு மணி நேரம் தொங்கவிட்டால் பாதிக்கு மேல் நீராக வடிந்து, ரொட்டிக்குத் தடவுகிற பதத்துக்கு வந்துவிடும். வடிந்த நீரை ஊற்றி மனைவி சப்பாத்திக்கு மாவு பிசைகிறாள். ஸ்பூன்கள் கலந்துவிடக் கூடாது என்று இரண்டு டப்பாவிலும் தேதியோடு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்.

இன்னும் அடங்காதது அந்த ஓரத்துக் கிண்ணங்கள். நடுக் கிண்ணம் ஆறு மணிக்குத் தயாரானால் ஓரத்தில் இருப்பவை ஏழு மணிக்குத்தான் நிற்கின்றன. அதுவரை நடுக் கிண்ணத்தை முதலில் எடுத்து அம்மா தட்டில் வைக்கிறேன், ஓரத்தவை எனக்கு.