எந்தப் பயணம் தகும்? டார்பியில் ஓர் ஊரடங்குக் காலம்

2020 மார்ச் 23ஆம் தேதி இரவு பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி, கொரோனா பரவலைத் தடுக்க அனைவரும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று அறிவித்தார். மறுநாள் இந்திய நேரம் இரவு 8 மணிக்கு நரேந்திர மோடி 21 நாள் ஊரடங்கை அறிவித்தபோது, இங்கிலாந்தின் டார்பி நகரில் எங்களுக்குப் பிற்பகல் இரண்டரை மணி. நாங்கள் குடியேறியிருந்த நாடும் எங்களைப் பெற்றவர்கள் வாழும் நாடும் ஒரு நாள் இடைவெளிக்குள் கதவை அடைத்துக்கொண்டன. ஆனால் அடைத்த விதம் வேறு. திருநெல்வேலியிலிருந்து என் மைத்துனர் பேசும்போதெல்லாம் சோதனைச் சாவடி, மாவட்ட எல்லை, அனுமதிச் சீட்டு என்றே பேச்சு போகும். எங்கள் தெருவிலோ மறிப்பதற்கு ஒருவரும் இல்லை. கையில் காட்டுவதற்கு ஒரு தாளும் இல்லை. வெளியே போகலாமா கூடாதா என்பதை வாசற்படியில் நின்று நாமே முடிவு செய்ய வேண்டியிருந்தது. வேலை விசாவில் வந்து சில மாதங்களே ஆகியிருந்த எங்களுக்கு இந்தச் சுதந்திரம் முதலில் நிம்மதியைத் தரவில்லை, பயத்தையே தந்தது. சீட்டு கிடைத்தால் போகலாம், கிடைக்காவிட்டால் இல்லை என்பது எளிது. பின்னால் யாராவது கேட்டால் நியாயம் சொல்ல முடிய வேண்டும் என்பது அப்படியல்ல, அதுவும் கேட்பவர் சீருடையில் இருந்து, நாம் விசாவில் இருக்கும்போது.

மார்ச் 26 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. உடன் வேலை செய்யும் ஒருவர் அதை அனுப்பிவைக்க, நானும் மனைவியும் வரி வரியாகப் படித்தோம். நியாயமான காரணமின்றி எவரும் தாம் வசிக்கும் இடத்தை விட்டு வெளியேறக் கூடாது என்பது அதன் ஆறாவது விதி. அதன்கீழ் 13 காரணங்கள் வரிசையாகத் தரப்பட்டிருந்தன: உணவு, மருந்து போன்ற அடிப்படைத் தேவைகளை வாங்குவது, உடற்பயிற்சி, மருத்துவ உதவி, வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலை, நலிந்தவருக்கு உதவுவது, நெருங்கிய உறவினரின் இறுதிச் சடங்கு, இரத்த தானம், பிரிந்து வாழும் பெற்றோரிடையே குழந்தைகள் போய்வருவது, ஆபத்திலிருந்து தப்புவது என அது நீண்டது. முக்கியமானது, நியாயமான காரணங்களில் இவையும் அடங்கும் என்றுதான் சட்டம் சொன்னது; இவை மட்டும்தான் என்று சொல்லவில்லை. மீறினால் 60 பவுண்டு அபராதம். 14 நாட்களுக்குள் கட்டினால் 30. மீண்டும் மீண்டும் மீறினால் இரட்டிப்பாகி 960 வரை ஏறும். எத்தனை மைல் போகலாம் என்று அதில் எங்கும் இல்லை. நாளுக்கு ஒரு முறை உடற்பயிற்சி என்று பிரதமர் சொன்னதுகூட இங்கிலாந்தின் சட்டத்தில் இல்லை. எல்லைக்கு அப்பால் வேல்ஸின் சட்டத்தில்தான் அது இருந்தது. ஆட்சியாளர் பேசுவதும் சட்டம் சொல்வதும் ஒன்றல்ல என்பதை வந்த நாட்டில் இத்தனை சீக்கிரம் கற்றுக்கொள்வோம் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

இந்த இடைவெளியில் முதலில் இடறி விழுந்தது எங்கள் மாவட்டத்துக் காவல்துறைதான். டார்பிஷையர் காவலர்கள் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் உள்ள கர்பர் எட்ஜ் என்ற குன்றின்மேல் ட்ரோன் பறக்கவிட்டு, நாயோடு நடப்பவர்களையும் கதிரவன் மறைவதைப் படமெடுப்பவர்களையும் காணொளியாக்கி, இவை அத்தியாவசியப் பயணங்கள் அல்ல என்ற எழுத்துகளோடு வெளியிட்டார்கள். பக்ஸ்டன் அருகே நீலத் தண்ணீர் நிறைந்த ஒரு பழைய சுண்ணாம்புக்கல் குழிக்கு ஆட்கள் போவதைத் தடுக்க, அந்தத் தண்ணீரில் கறுப்புச் சாயத்தையும் கலந்தார்கள். ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஜொனதன் சம்ப்ஷன் வானொலியில் இந்தக் காவல்துறையைப் பெயர் சொல்லியே கண்டித்தார். காவல்துறையை ஒரு முன்னாள் நீதிபதி இப்படிப் பகிரங்கமாகச் சாடலாம், மறுநாள் இருவரும் அவரவர் வேலையைப் பார்க்கலாம் என்பது எங்களுக்குப் புதிய காட்சி.

ஏப்ரல் நடுவில் காவலர்களுக்கென ஒரு வழிகாட்டி வெளியானது. அதை நான் இன்றுவரை மறக்கவில்லை, அத்தனை வீட்டுத்தனமான எடுத்துக்காட்டுகள் அதில் இருந்தன. புயலில் சாய்ந்த வேலியைப் பழுதுபார்க்கப் பொருள் வாங்கப் போவது நியாயம். சமையலறைக்குப் புது வண்ணம் பூசுவதற்காக மட்டும் பெயிண்ட் வாங்கப் போவது நியாயமல்ல. காரில் கிராமப்புறத்துக்குப் போய், ஓட்டிய நேரத்தைவிட நன்றாகக் கூடுதல் நேரம் நடந்தால் சரி. நெடுநேரம் ஓட்டிச் சென்று சற்றே நடந்துவிட்டுத் திரும்பினால் சரியல்ல. வீட்டில் சண்டை முற்றினால், சூடு தணியும்வரை சில நாட்கள் நண்பர் வீட்டில் போய் இருக்கலாம். அதே நண்பரைச் சும்மா பார்த்துவர மட்டும் போகக் கூடாது. இதைப் படித்துவிட்டு என் மனைவி, அப்படியென்றால் முதலில் ஒரு நல்ல சண்டை போட வேண்டும் என்றாள். சிரித்தோம். ஆனால் அந்த எடுத்துக்காட்டுகளின் உள்ளே ஓடிய கணக்கு தெளிவாகவே இருந்தது. போகும் தொலைவு முக்கியமல்ல. போகாவிட்டால் என்ன கெடும், போனால் யாரிடம் நெருங்க நேரும் என்பவைதான் முக்கியம்.

அதன்பின் நாங்களும் அப்படியே எண்ணத் தொடங்கினோம். நோய் காரில் பயணம் செய்வதில்லை, கார் போய் நிற்குமிடத்தில்தான் பரவுகிறது என்று இங்குள்ள எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் வாதிட்டபோது மறுக்க முடியவில்லை. ஆனால் வழியில் கார் நின்றுபோனால் உதவிக்கு வருபவர், மோதினால் நெருக்கடியில் இருக்கும் மருத்துவமனை என்று அந்த வாதத்துக்கும் ஒரு மறுபக்கம் இருந்தது. இந்திய உரிமத்தை வைத்து முதல் ஓராண்டுதான் இங்கு ஓட்டலாம். பனி ஈரம் காயாத குறுகிய மலைச் சாலைகளில் என் கை இன்னும் பழகவும் இல்லை. ஆகவே பீக் டிஸ்ட்ரிக்ட் சட்டப்படி எங்களுக்குத் திறந்திருந்தும், டெர்வென்ட் ஆற்றங்கரையில் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தையே எங்கள் எல்லையாக வைத்துக்கொண்டோம். மகளுக்கு அங்கிருந்த வாத்துகள் போதுமானவையாக இருந்தன.

குழுவில் நெடுநாள் ஓடிய வழக்கு அரிசியைப் பற்றியது. டார்பியில் நார்மன்டன் பகுதியில் பஞ்சாபிக் கடைகள் உண்டு. பாஸ்மதியும் பருப்பும் மல்லித்தூளும் அங்கே கிடைக்கும். நமக்குப் பழகிய புழுங்கலரிசி, கறிவேப்பிலை, முருங்கைக்காய் என்றால், வழக்கமாக 30 மைல் தள்ளி லெஸ்டருக்குப் போய்விடுவார்கள். உணவு அடிப்படைத் தேவை என்று சட்டமே சொல்லும்போது லெஸ்டர் போனால் என்ன என்று ஒரு சாரார். அரிசி தேவைதான், இந்த அரிசிதான் வேண்டும் என்பது தேவையா என்று மறு சாரார். நான் இரண்டாம் பக்கம். சட்டத்துக்குப் பயந்து அல்ல. ஆடம்பரப் பொருளை வாங்குவதுகூடக் கடைக்குப் போவதாகவே கருதப்படும் என்று அந்த வழிகாட்டியே சொன்னது. பக்கத்துக் கடையில் நிற்க வேண்டிய ஒரு வரிசைக்குப் பதிலாக இன்னொரு நகரத்தின் வரிசையில் நாம் ஏன் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் தடை. இறுதியில், லெஸ்டர் மருத்துவமனை ஒன்றில் பணிபுரிந்ததால் எப்படியும் அங்கே போய்வந்த ஒரு செவிலியர், வேலை முடிந்து திரும்பும் வழியில் எல்லாருக்கும் மூட்டைகளை ஏற்றிவர ஒப்புக்கொண்டார். ஜூன் 29 அன்று நாட்டிலேயே முதலாவதாக லெஸ்டர் நகரத்துக்குத் தனி ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, முதல் சாரார் இந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

எங்கள் தெருவின் முனையில் யாழ்ப்பாணத்துக்காரரான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக வசிக்கிறார். குழுவில் எல்லாருக்கும் அவர் டீச்சரம்மா; மகன் லண்டனில். நுரையீரல் நோய் இருந்ததால் 12 வாரம் வாசல் தாண்டக் கூடாது என்று அவருக்குக் கடிதம் வந்தது. "தம்பி, மருந்துக் கடைக்கும் போகேலாதாம், என்ன செய்யிறது?" என்று அவர் தொலைபேசியில் கேட்ட அன்றிலிருந்து அவருடைய மருந்தும் பாலும் காய்கறியும் என் பொறுப்பு. இந்தப் பயணத்துக்கு யோசனையே வேண்டியிருக்கவில்லை. சிக்கல் வாசலில்தான் வந்தது. பையை வைத்துவிட்டு இரண்டு மீட்டர் தள்ளி நின்றால், அவர் உள்ளே வந்து தேநீர் குடிக்கச் சொல்வார். மறுத்தால் முகம் வாடும். மருந்து கொடுப்பதற்குச் சட்டத்தில் இடமுண்டு, தேநீருக்கு இல்லை. அவருக்கோ மருந்தைவிடப் பேச்சுத்தான் அதிகம் குறைந்துபோயிருந்தது. நான் வேலிக்கு வெளியே நின்று பேசுவதை நீட்டிக்கொண்டேன். அதை எந்தக் காரணத்தின்கீழ் சேர்ப்பது என்று யாரும் கேட்கவில்லை.

மே மாதம் பிரதமரின் ஆலோசகர் டொமினிக் கம்மிங்ஸின் பயணம் வெளிவந்தது. மனைவி நோயுற்ற நிலையில், தானும் படுத்துவிட்டால் மகனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று, லண்டனிலிருந்து 260 மைல் தொலைவில் டரமில் உள்ள பெற்றோரின் பண்ணைக்கு அவர் காரோட்டிச் சென்றிருந்தார். பிறகு பார்வை சரியாக இருக்கிறதா என்று சோதிக்க பார்னார்டு காசில் என்ற ஊர் வரை ஓட்டியதாகவும் மே 25 அன்று செய்தியாளர்களிடம் சொன்னார். அந்த இரண்டாவது பயணம் சிறிய மீறலாக இருந்திருக்கலாம் என்றது டரம் காவல்துறை. முதல் பயணத்தைக் குற்றமாகக் கருதவில்லை. எங்கள் வீட்டில் எரிச்சலூட்டியது முதல் பயணம்தான். இருவரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால் குழந்தையை யார் பார்ப்பது என்பது ஏப்ரல் முழுவதும் எங்களைத் தூங்கவிடாத கேள்வி. 260 மைல் அல்ல, கடல் கடந்தாலொழிய எங்களுக்குப் பெற்றோர் இல்லை. கீழ்வீட்டில் இருந்த போலந்துத் தம்பதியிடம், அவசியமானால் மகளை ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டு, அவளுடைய துணிகளை ஒரு பையில் கட்டி வைத்திருந்தோம். அந்தத் தகப்பனின் பயம் எனக்குப் புரிந்தது. அதே பயத்தோடு வீட்டிலேயே இருந்தவர்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் கடைசியில் என் மாமனார் பாளையங்கோட்டையில் காலமானார். மாரடைப்பு, நோய்த்தொற்று அல்ல. தகப்பனின் இறுதிச் சடங்குக்குப் போவதை இங்கிலாந்தின் சட்டம் தெளிவாகவே அனுமதித்தது. மனைவி அன்றிரவே மான்செஸ்டர் விமான நிலையத்துக்குப் புறப்பட்டிருந்தால் வழியில் யாரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் மார்ச் 22 முதலே இந்தியா பன்னாட்டு விமானங்களை இறங்கவிடவில்லை. வெளிநாடுகளில் இருந்தவர்களை அழைத்துச்செல்லும் வந்தே பாரத் விமானங்கள் தொடங்கியதே மே 7 அன்றுதான். கோயம்புத்தூரில் இருந்த மூத்த மைத்துனருக்கு மரணச் செய்தியைக் காட்டியதும் அனுமதிச் சீட்டு கிடைத்தது. விடிவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்து கொள்ளி வைத்தார். மனைவி அலைபேசியில் பார்த்தாள். காரணம் நியாயமா என்று நாங்கள் அளந்துகொண்டிருந்த மாதங்களில், அளக்கவே தேவையில்லாத ஒரே பயணம் அது.

2021 ஜனவரியில் மூன்றாம் ஊரடங்கு வந்தது. அபராதம் அதற்குள் 200 பவுண்டாகியிருந்தது. டார்பிக்குத் தெற்கே ஃபோர்மார்க் நீர்த்தேக்கத்தில் நடப்பதற்காக, வீட்டிலிருந்து ஏறத்தாழ 5 மைல் தனித்தனிக் கார்களில் வந்த இரண்டு பெண்களை அதே டார்பிஷையர் காவலர்கள் மறித்து அபராதம் விதித்தார்கள். அவர்கள் கையில் இருந்த தேநீர்க் கோப்பைகளும் அது ஒரு சிற்றுலா என்பதற்குச் சான்றாயின. நாடெங்கும் கண்டனம் எழ, அபராதம் திரும்பப் பெறப்பட்டு மன்னிப்பும் கேட்கப்பட்டது. உள்ளூரிலேயே இருங்கள் என்பது அரசின் அறிவுரை. 5 மைல் உள்ளூரா என்று சட்டத்தில் இல்லை. முதல் ஊரடங்கில் இந்தச் செய்தி வந்திருந்தால் நாங்கள் ஆற்றங்கரைக்குக்கூடப் போகாமல் இருந்திருப்போம். இம்முறை பேசாமல் காலணியை மாட்டிக்கொண்டு கிளம்பினோம்.

பிப்ரவரியில் டீச்சரம்மாவுக்குத் தடுப்பூசிக்கு அழைப்பு வந்தது. அவரைக் காரில் ஏற்றிப் போவது மருத்துவத் தேவை, நலிந்தவருக்கு உதவி என்று இரண்டு காரணங்களின்கீழ் வரும். பின்னிருக்கையில் எனக்குக் குறுக்காக அவர், இருவருக்கும் முகக்கவசம், குளிரானாலும் கண்ணாடிகள் இறக்கியபடி. மடியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. அழைப்புக் கடிதம், மருந்துச் சீட்டு, பாஸ்போர்ட், போதாததற்கு மின்கட்டண ரசீது. இலங்கைப் போர்க்காலத்தில் வவுனியாவில் பயணத்துக்கான பாஸ் எடுக்க நாள்கணக்கில் வரிசையில் நின்றவர் அவர். தாள் இல்லாமல் ஊரைத் தாண்ட அவருக்கு மனம் வராது. "கேட்டால் காட்டத்தான் தம்பி" என்றார். மையத்தில் பெயரையும் பிறந்த தேதியையும் மட்டும் கேட்டு உள்ளே அனுப்பினார்கள். 12 வாரம் கழித்து இரண்டாம் ஊசிக்கு வரும்போதும் கோப்பைக் கொண்டுவருவேன் என்று திரும்பும் வழியிலேயே சொல்லிவிட்டார்.