மரியாடிபி ஆடிட் லாக்கை கார்டியத்துக்குக் கொண்டுபோன அனுபவம்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் கிளைகள் வைத்திருக்கும் ஒரு கடன் நிறுவனத்துக்காக ஒரு ப்ளகினை (பெரிய மென்பொருளோடு ஒட்டிக்கொள்ளும் சிறு நிரலை) எழுதினோம். டேட்டாபேஸ் மரியாடிபி. பாதுகாப்பு மென்பொருள் ஐபிஎம் கார்டியம். கடன் வாங்கியவரின் விவரத்தை யார், எப்போது, எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து திறந்து பார்த்தார் என்பது கார்டியம் திரையில் தெரிய வேண்டும். எஸ்-டேப் என்ற ஏஜென்டை சர்வரிலேயே நிறுவுவதுதான் வழக்கமான வழி. ஆனால் அதற்குக் கெர்னல் மாட்யூல், அதாவது இயங்குதளத்தின் மையத்தோடு சேரும் நிரல், ஏற்றும் உரிமை வேண்டும். வாடகை சர்வரில் அது கிடைக்கவில்லை. மிச்சம் இருந்த வழி யுனிவர்சல் கனெக்டர், வெளியிலிருந்து வரும் லாக்கை வாங்கிக்கொள்ளும் கார்டியத்தின் வசதி. டேட்டாபேஸே எழுதும் ஆடிட் லாக்கை, அதாவது யார் என்ன செய்தார் என்ற பதிவேட்டை, ஃபைல்பீட் என்ற சிறு நிரல் எடுத்து அனுப்பும். கார்டியத்துக்குள் இருக்கும் லாக்ஸ்டாஷ் என்ற மென்பொருள் அதை வாங்கும். நடுவில் நாம் எழுதும் ஃபில்டர் ப்ளகின் ஒவ்வொரு வரியையும் கார்டியத்துக்குப் புரியும் ரெகார்டாக மாற்றித் தரும்.

ஜாவாவில் அந்த ஃபில்டர் சில நூறு வரிதான். வேலை முழுக்க அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. இதே வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் லாக்கைச் சரி செய்யுங்கள், நிரல் எழுதுவது பிறகு.

மரியாடிபியின் 'சர்வர் ஆடிட்' ப்ளகினை நிறுவினால் மட்டும் ஒரு வரிகூட எழுதாது. 'சர்வர் ஆடிட் லாகிங்' என்ற அமைப்பு இயல்பாக ஆஃப் நிலையில் இருக்கும், அதை ஆன் செய்ய வேண்டும். கான்ஃபிக் ஃபைலில் 'ஃபோர்ஸ் பிளஸ் பெர்மனன்ட்' என்று போட்டுவிட்டால், ஓடும் சர்வரிலிருந்து ப்ளகினை யாரும் கழற்ற முடியாது. எந்த நிகழ்வுகளைப் பதிவது என்பதில் கனெக்ட் (இணைவது), குவரி (டேட்டாபேஸுக்கு இடும் கட்டளை) இரண்டை மட்டும் வைத்தோம். டேபிள் நிகழ்வையும் சேர்த்தால் ஒரே குவரிக்கு இரண்டு மூன்று வரி வரும். ஆனால் வியூக்கள் (டேபிள்களின் மேல் அமைத்த பார்வைகள்) வழியாகவே எல்லாம் நடக்கும் டேட்டாபேஸாக இருந்தால் டேபிளையும் சேருங்கள். குவரியில் வியூவின் பெயர் மட்டும்தான் இருக்கும். அடியில் தொட்ட டேபிள் எது என்று டேபிள் நிகழ்வுதான் சொல்லும். குவரி கேஷ் (முன்பு தந்த பதிலைச் சேமித்து மறுபடி தரும் வசதி) ஓடினால் கேஷிலிருந்து வந்த பதிலுக்கு அந்த டேபிள் வரி வராது. இது தெரியாமல் கணக்குப் பார்த்தால் குழப்பம்தான்.

அடுத்து இரண்டு எண்கள். லாக் ஃபைலின் அளவு இயல்பாக 10 லட்சம் பைட்; சுழற்சி, அதாவது வைத்திருக்கும் பழைய ஃபைல்களின் எண்ணிக்கை, 9. விநாடிக்கு 200 குவரி, வரிக்குச் சராசரி 400 பைட் என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு 80,000 பைட். ஒரு ஃபைல் 12 விநாடியில் நிறைந்துவிடும். ஓடும் ஃபைலையும் சேர்த்துப் பத்து ஃபைலும் இரண்டே நிமிடத்தில் ஒரு சுற்று வந்து பழையதன் மேல் எழுதப்படும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் மழையும் சேர்ந்தால் இங்கே லைன் போவது புதிதல்ல. இரண்டு நிமிடத்துக்கு மேல் இணைப்பு அறுந்தால் அந்த நேரத்து ஆடிட் போனது போனதுதான், எந்த எச்சரிக்கையும் வராது. 10 கோடி பைட், 20 சுழற்சி என்று மாற்றினோம். அதே வேகத்தில் ஏறக்குறைய ஏழு மணி நேரம் தாங்கும், 2 ஜிபி இடம் போதும். ஃபைல்பீட் கான்ஃபிக்கில் ஓடும் ஃபைலின் பெயரோடு, எண் ஒட்டிய பழைய ஃபைல்களும் பொருந்துமாறு பாதையைக் கொடுங்கள். ஐநோடை (டிஸ்கில் ஃபைலுக்கு உள்ள எண்ணை) வைத்து அடையாளம் காணும்படி அமைத்திருந்தால் பெயர் மாறினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பாதையில் பொருந்தாத ஃபைலை, இடையில் ரீஸ்டார்ட் ஆனால், தேடிப் போகாது.

இரண்டாவது எண் 1024. குவரியின் எழுத்து நீளத்துக்கு இயல்பான வரம்பு இத்தனை பைட். ஆங்கிலத்தில் மட்டும் எழுதும் ஊருக்கு இது ஓரளவு போதும். தமிழோ மலையாளமோ யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் எடுக்கும். அதாவது 341 குறியீட்டில் குவரி வெட்டுப்படும். ஜாமீன்தாரரின் பெயர், வீட்டுப் பெயர், முழு முகவரி என்று இரண்டு மொழியிலும் போகும் ஒரு இன்சர்ட் (புதிய பதிவு சேர்க்கும் குவரி) அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். வெட்டு மேற்கோளுக்கு நடுவிலோ ஓர் எழுத்தின் மூன்று பைட்டுகளுக்கு நடுவிலோ விழும். மேற்கோள் மூடாத எஸ்கியூஎல்லை (குவரி எழுதும் மொழி) கார்டியத்தின் பார்சரால், அதாவது அதைப் படிக்கும் பகுதியால், பிரிக்க முடியாது. எந்த டேபிள் தொடப்பட்டது என்ற தகவலே ரெகார்டில் இருக்காது. வரம்பை 65,536 ஆக்கிய பிறகு இந்த வகைப் பிழை நின்றது.

இப்போது ஒரு வரியைக் கிட்டத்தில் பார்ப்போம். தமிழ் எழுத்தில் போட்டால் அது இப்படி இருக்கும்:

20240611 10:22:41,டிபி1,கடன்ஆப்,10.20.1.15,4127,98213,குவரி,கடன்,'செலக்ட் பெயர், தொகை ஃப்ரம் உறுப்பினர் வேர் ஊர்=\'கொழிஞ்சாம்பாறை\'',0

வரிசை இதுதான்: நேரம், சர்வர், பயனர், கிளையன்ட், கனெக்ஷன் எண், குவரி எண், செயல், டேட்டாபேஸ், குவரி, முடிவுக் குறியீடு. காற்புள்ளியை வைத்து மொத்தமாக வெட்டினால் குவரிக்குள் இருக்கும் காற்புள்ளியிலும் வெட்டு விழும். முதல் எட்டுக் காற்புள்ளி வரை இடமிருந்து வெட்டுங்கள், கடைசிக் காற்புள்ளியை வலமிருந்து தேடுங்கள், நடுவில் இருப்பது குவரி. ரெகுலர் எக்ஸ்பிரஷனே (வடிவத்தை வைத்துத் தேடும் முறை) வேண்டாம். நீளமான குவரியில் அது திணறும். பிறகு அந்தப் பின்சாய்கோடுகள். மேற்கோளும் வரிமுறிவும் லாக்கில் பின்சாய்கோடு சேர்த்து மாற்றி எழுதப்படுகின்றன. அவற்றைத் திரும்ப மாற்றாமல் அனுப்பினால் பார்சருக்குக் கிடைப்பது டேட்டாபேஸ் ஓட்டாத ஒரு குவரி.

ரெகார்டில் மூன்று இடங்களில் கவனம் தேவை. முதலாவது நேரம். லாக்கில் நேர மண்டலம் இல்லை, சர்வரின் உள்ளூர் நேரம் அப்படியே விழுகிறது. லாக்ஸ்டாஷ் ஓடும் பெட்டி யூடிசியில் (கிரீன்விச் நேரத்தில்) இருந்தால், காலை பத்தரைக்கு நடந்தது மாலை நான்கு மணிக்கு நடந்ததாகக் காட்டும். அலுவலக நேரத்துக்கு வெளியே யாராவது நுழைந்தால் எச்சரிக்கும் விதி இதனால் தலைகீழாகிவிடும். நேர மண்டலத்தை ப்ளகினின் அமைப்பாகவே வைத்து, ஆசியா/கொல்கத்தா என்று கொடுத்தோம். ரெகார்டில் கிரீன்விச் வித்தியாசம் 330 நிமிடம், கோடைநேரத் திருத்தம் 0. ஃபில்டரைப் பல த்ரெட்கள் (இணையாக ஓடும் வேலை இழைகள்) ஒரே நேரத்தில் அழைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ஜாவாவின் பழைய 'சிம்பிள் டேட் ஃபார்மட்' த்ரெட்களுக்கு இடையே பாதுகாப்பானது அல்ல. ஒற்றை வரிச் சோதனையில் ஒழுங்காக ஓடி, சுமை ஏறியதும் சில வரிகளுக்கு மட்டும் சம்பந்தமே இல்லாத தேதியைத் தரும். 'டேட் டைம் ஃபார்மட்டர்' பயன்படுத்துங்கள்.

இரண்டாவது செஷன், அதாவது ஒரு கனெக்ஷன் தொடங்கி முடியும்வரை நடப்பவை. இந்த லாக்கில் கிளையன்டின் போர்ட் எண் இல்லை. ஐபி மட்டும் கொடுத்து விட்டுவிட்டால், ஒரே அப்ளிகேஷன் சர்வரிலிருந்து வரும் எல்லாக் கனெக்ஷன்களும் ஒரே செஷனாக ஒட்டிக்கொள்ளும். சர்வர் பெயரையும் கனெக்ஷன் எண்ணையும் சேர்த்து செஷன் ஐடியாகத் தர வேண்டும். டேட்டாபேஸ் ரீஸ்டார்ட் ஆனால் கனெக்ஷன் எண் மறுபடி சிறிய எண்ணிலிருந்து தொடங்கும் என்பதால் தேதியையும் சேர்த்தோம். நள்ளிரவைத் தாண்டும் கனெக்ஷன் இரண்டு செஷனாகப் பிரிவது இதன் விலை. இரண்டு பேரின் வேலை ஒருவர் பெயரில் விழுவதைவிட அது மேல்.

மூன்றாவது, வெற்றியும் தோல்வியும். ஒரு ரெகார்டில் டேட்டா பகுதி இருக்க வேண்டும், இல்லையென்றால் எக்ஸெப்ஷன் பகுதி. இரண்டும் சேர்ந்து வரக்கூடாது. முடிவுக் குறியீடு 0 என்றால் டேட்டா. 1146 என்றால் இல்லாத டேபிளைத் தொட்டிருக்கிறார்கள், 1064 என்றால் இலக்கணப் பிழை. இவை எஸ்கியூஎல் பிழை வகை. தோற்ற கனெக்ட் வரியில் 1045 வந்தால் கடவுச்சொல் தவறு அல்லது அனுமதி இல்லை. அது லாகின் தோல்வி வகை. தோற்ற குவரிகளை வீண் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஊடுருவல் முயற்சியின் முதல் தடம் அங்கேதான் பதியும்.

எஸ்கியூஎல்லை நாமே பிரித்து வினைச்சொல், டேபிள், ஃபீல்டு என்று கட்டித் தரலாம், கார்டியத்திடம் அப்படியே உரையாகவும் கொடுக்கலாம். மரியாடிபி பேசும் மையெஸ்கியூஎல் மொழியைக் கார்டியம் தானே பிரிக்கும் என்பதால் உரையாகவே கொடுத்தோம். அதற்குப் புரியாத டேட்டாபேஸ் என்றால் மட்டும் கட்டமைப்பை நீங்களே கட்டுங்கள். அப்போது மறைத்துக் காட்ட வேண்டிய மதிப்புகளை மறைத்த வடிவத்தையும் நீங்களேதான் நிரப்ப வேண்டும். அதை விட்டால் ஆதார் எண் ரிப்போர்ட்டில் பச்சையாகத் தெரியும்.

தமிழும் மலையாளமும் புழங்கும் எல்லைப் பகுதிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. முக்கியமான சிலரின் கணக்கைப் பெயர் வைத்துத் தேடினால் எச்சரிக்கை வர வேண்டும் என்று விதி. விதி கிளைகளின் சில மேசைகளில் வேலை செய்தது, சிலவற்றில் இல்லை. மலையாளத்தில் மோகனன், ராஜன் போன்ற பெயர்களின் கடைசி 'ன்' சில்லு எழுத்து, அதாவது உயிர் சேராத மெய்க்கு உள்ள தனி வடிவம். பழைய கீபோர்டில் அது மூன்று குறியீடாக விழும்: எழுத்து, சந்திரக்கலை (தமிழ்ப் புள்ளி போன்ற குறி), கண்ணுக்குத் தெரியாத இணைப்பான். யூனிகோடு 5.1 வந்த 2008க்குப் பிறகு அதே சில்லுக்குத் தனிக் குறியீடு உண்டு; புதிய கீபோர்டுகள் அதைப் போடும். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், பைட்டில் வேறு. தமிழிலும் இது உண்டு: கொழிஞ்சாம்பாறையின் 'கொ'வில் உள்ள ஒகரக்குறியை ஒரே குறியீடாகவும் இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். வித்தியாசம் என்னவென்றால், தமிழின் இரண்டு வடிவங்களையும் என்எஃப்சி என்ற யூனிகோடு சீரமைப்பு ஒன்றாக்கிவிடும். மலையாளச் சில்லுவை அது தொடாது. ப்ளகினுக்குள்ளேயே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடலாம் என்ற யோசனை வந்தது. வேண்டாம் என்று முடிவெடுத்தோம். ஊழியர் அடித்த குவரி ஒரு சாட்சியம், அதன் ஒரு பைட்டும் மாறக்கூடாது. மாற்றத்தை விதியில் செய்தோம்: ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு வடிவமும்.

கட்டும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கார்டியத்தில் இருக்கும் லாக்ஸ்டாஷின் அதே பதிப்பை இறக்கி, கிரேடில் என்ற கட்டும் கருவியில் அதன் கோர் ஜாரை (மைய ஜாவா ஃபைலை) கட்டி, அந்தப் பாதையை ப்ளகினின் கிரேடில் ப்ராப்பர்ட்டீஸில் கொடுக்க வேண்டும். கிளாஸின் பெயரும் 'லாக்ஸ்டாஷ் ப்ளகின்' அன்னோட்டேஷனில் கொடுக்கும் பெயரும், அடிக்கோடும் ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடும் தவிர, ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் லாக்ஸ்டாஷ் ப்ளகினை ஏற்றாது. ஜெம் (ப்ளகினை நிறுவும் பொதி) கட்டி, உள்ளூர் லாக்ஸ்டாஷில் நிறுவி, அங்கிருந்து ஆஃப்லைன் பேக் ஜிப் தயாரித்து, அதைத்தான் கார்டியத்தில் ஏற்ற வேண்டும். கான்ஃபிக்கில் உங்கள் ஃபைல்பீட் அனுப்பும் டைப் பெயரை ஃபில்டருக்கு நிபந்தனையாக வையுங்கள். ஒரே பைப்லைனில் வேறு டேட்டாபேஸ்களின் நிகழ்வுகளும் ஓடும். நிபந்தனை இல்லாத ஃபில்டர் அவற்றையும் பிடித்து உடைக்கும்.

உங்கள் ப்ளகினுக்குப் புரியாத வரி வந்தால் அதை ஒருபோதும் சத்தமில்லாமல் விட்டுவிடாதீர்கள். ஒரு டேக் ஒட்டுங்கள், மூல வரியோடு தனி ஃபைலில் எழுதுங்கள், எண்ணிக்கை வையுங்கள். எக்ஸெப்ஷனைப் பிடித்து வெறுமனே அடுத்த நிகழ்வுக்குத் தாவும் ஃபில்டர் பார்க்க நன்றாக ஓடும். அது விழுங்கிய வரி எது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

சோதனைக்கு ஒரு நாளின் முழு லாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வரில் உள்ள வரிகளை எண்ணுங்கள், கார்டியத்தில் வந்தவற்றை எண்ணுங்கள், டேக் ஒட்டி ஒதுங்கியவற்றைக் கூட்டுங்கள். லைன் அறுந்த நாளில் கார்டியத்தின் பக்கம் கூடுதலாக இருக்கும். பெற்றுக்கொண்டதற்கான பதில் வராவிட்டால் ஃபைல்பீட் மறுபடி அனுப்பும் என்பதுதான் காரணம். சர்வர் பெயர், கனெக்ஷன் எண், குவரி எண், செயல் நான்கும் நேரமும் ஒத்தால் அது அதே வரியின் நகல். நகலைக் கழித்த பிறகும் ஒரே ஒரு வரி குறைந்தால், அது எந்த விநாடியில் குறைந்தது என்று கண்டுபிடிக்கும்வரை ப்ளகினை ஒப்படைக்க வேண்டாம்.