லிட்டில் இத்தாலியின் சுவர்களும் நாம் வரையப்போகும் சுவரும்

மொன்றியலில் பார்க் மெற்றோவில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் ஜோன் தலோன். பார்க் எக்ஸ்ரென்ஷனில் வீடு எடுத்த புதிதில் நம் சனம் அங்கே இறங்குவது பெரும்பாலும் சந்தைக்குத்தான். சந்தைப் பையோடு இன்னும் கொஞ்சம் தெற்கே நடந்துபோங்கள். இத்தாலியர் குடியேறிய லிட்டில் இத்தாலிப் பகுதியில், ஆன்றி ஜூலியன் தெருவும் தாந்தே தெருவும் சேரும் இடத்தில் சிவப்புச் செங்கல் தேவாலயம் ஒன்று நிற்கிறது. மதோன்னா தெல்லா திஃபேஸா என்பது அதன் பெயர். இத்தாலியின் மொலீஸே பகுதியிலிருந்து வந்த குடும்பங்கள் முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு எழுப்பிய கோயில். எங்கள் தெருவிலும் ஒரு சுவரோவியம் வேண்டும், நம் கதையையும் வரைய வேண்டும் என்ற பேச்சு இப்போது நம்மவரிடமும் எழுகிறது. அந்தப் பேச்சில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கோயிலின் உட்சுவரை.

பலிபீடத்துக்கு மேலே வளைந்திருக்கும் சுவரை நிமிர்ந்து பாருங்கள். திருத்தந்தையும் கர்தினால்மாரும் இருக்கும் அதே காட்சியில் குதிரை மேல் முசோலினி இருக்கிறார். 1929இல் வத்திக்கானும் இத்தாலிய அரசும் செய்துகொண்ட லாத்தரன் ஒப்பந்தத்தைக் கொண்டாடி, 1930களின் தொடக்கத்தில் ஓவியர் குயிதோ நின்கேரி வரைந்தது. அப்போது அது ஊர்ப் பெருமை. 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் அதே படம் குற்றச்சாட்டாக மாறியது. கனடா அறுநூறு பேரளவில் இத்தாலியர்களை முகாமில் அடைத்தது. நின்கேரியும் ஒன்ராறியோவிலுள்ள பெற்றவாவா முகாமுக்குப் போனார். முதல் வரைவில் முசோலினி இருக்கவில்லை என்று அவருடைய மனைவி வரைபடங்களைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகு சில மாதங்களில் விடுவித்தார்கள். போர்க் காலத்தில் அந்தப் பகுதியை மூடி மறைத்தார்கள், பிறகு திறந்தார்கள். 2002இல் கோயில் தேசிய வரலாற்றுச் சின்னமானது. அடைத்து வைத்ததற்காகக் கனடா அரசு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2021இல்தான்.

அந்தப் படத்தை மூட முடிந்ததே தவிர, மேலாகச் சுரண்டி எடுப்பது எளிதல்ல. காரணம், அது ஈரச் சுண்ணாம்பு ஓவியம். நீற்றிப் பல மாதம் ஊறவைத்த சுண்ணாம்பும் மணலும் கலந்து முதலில் ஒரு சென்ரிமீற்றர் அளவில் கரட்டுப் பூச்சு. அதற்கு மேல் அன்றைக்கு வரையக்கூடிய இடத்துக்கு மட்டும் சில மில்லிமீற்றர் மெல்லிய பூச்சு. இந்த ஒரு நாள் துண்டை இத்தாலியர் ‘ஜோர்னாத்தா’ என்பார்கள். பூச்சு ஈரமாக இருக்கும் சில மணி நேரத்துக்குள் தண்ணீரில் குழைத்த நிறத்தைத் தீட்டி முடிக்க வேண்டும். பசை எதுவும் கிடையாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத் திரும்பக் கல்லாகும்போது நிறமும் அந்தக் கல்லுக்குள் அகப்பட்டுவிடும். பிழைத்தால் அந்தத் துண்டைக் கொத்தி எடுத்து மறுபடி பூசுவதுதான் வழி. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் கிடந்த சோழர் ஓவியம் 1931இல் வெளிப்பட்டதை நினைத்துப் பாருங்கள். சுண்ணாம்புச் சுவர் மூடினாலும் காத்து வைத்திருக்கும்.

இதற்கு நேர் எதிரான கதை பிலடெல்பியாவின் இத்தாலியச் சந்தையில் நடந்தது. தெற்கு ஒன்பதாம் தெருவில், 1995இல், அந்த நகரத்தின் முன்னாள் பொலிஸ் ஆணையாளரும் மேயருமான பிராங்க் ரிஸ்ஸோவின் பெரிய உருவத்தை வரைந்தார்கள். இத்தாலியக் குடும்பங்கள் பலருக்கு அவர் எங்கள் வீட்டுப் பிள்ளை. அவருடைய பொலிசிடம் அடிபட்ட கறுப்பினத்தவருக்கு அந்த முகம் தினமும் பார்க்க வேண்டிய காயம். திரும்பத் திரும்ப அதன் மேல் பெயின்ற் வீசினார்கள். திரும்பத் திரும்பத் திருத்தினார்கள். ஜோர்ஜ் ஃபுளோயிட் என்ற கறுப்பினத்தவரைப் பொலிஸ் கொன்ற பிறகு, 2020 ஜூனில், ஒரே இரவில் மேலே பூசி மறைத்துவிட்டார்கள். வெளிச் சுவர் பெயின்றுக்கு ஓர் உருளைத் தூரிகை போதும்.

ஆகவே, நிறம் வாங்குவதற்கு முன் யாரை வரைவது என்று முடிவெடுங்கள். தலைவரின் முகம் வேண்டாம் என்பது எங்கள் கறாரான கருத்து. இத்தாலியர் தெருக்களில் சண்டையில்லாமல் நிற்கக்கூடியவை வேலையின் படங்கள்: கல் கொத்துபவர், தையல் இயந்திரத்தில் குனிந்த பெண், ஓகஸ்ட் கடைசியில் பெட்டி பெட்டியாகத் தக்காளி வாங்கிச் சோஸ் காய்ச்சும் குடும்பம். நமக்கும் அப்படி எத்தனையோ உண்டு. உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவியவர்கள், பனிக் காலையில் தொழிற்சாலை பஸ்ஸுக்கு நின்றவர்கள். அந்தப் படத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கிரேக்கரும் பஞ்சாபியரும் தங்களையும் காண்பார்கள்.

அடுத்தது சுவர். பக்கத்தில் வெற்றுக் காணி இருந்தால் அந்தச் சுவரை விடுங்கள். நாளைக்குக் கட்டடம் எழும்பினால் ஓவியம் உள்ளே போய்விடும். தெற்கு பார்த்த சுவரில் நிறம் விரைவாக வெளிறும், வடக்குச் சுவரில் ஈரம் தங்கும். செங்கலில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் உள்ளே தண்ணீர் ஓடுகிறது. பீலியையோ கூரை விளிம்பையோ முதலில் திருத்த வேண்டும். சந்தேகமானால் 18 அங்குலச் சதுரப் பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்ளே வியர்த்திருந்தால் அந்தச் சுவரில் பெயின்ற் நிற்காது.

இந்த நாட்டில் ஓவியத்தைக் கொல்வது வெயிலைவிட உறைபனிதான். தண்ணீர் உறைந்தால் ஒன்பது வீதம் அளவில் பருக்கும். செங்கலுக்குள் தேங்கிய ஈரம் குளிரில் பருத்து, செங்கலின் முகத்தையே பெயின்றோடு சேர்த்துத் தள்ளிவிடும். பழைய வீடுகளின் செங்கல் இடைச் சாந்து மென்மையான சுண்ணாம்புச் சாந்து. அதைத் தோண்டிவிட்டுக் கடினமான சீமெந்து அடைத்தால், ஈரம் சாந்து வழியாக வெளியேற முடியாமல் செங்கல் வழியாக வரும், செங்கல் உடையும். அதனால் மேசனிடம் சுண்ணாம்பு கலந்த சாந்து என்று சொல்லிக் கேளுங்கள். சாந்து வைத்தபின் 28 நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் பூசினால் அதன் காரம் நிறத்தைத் தின்னும். கழுவும்போதும் அழுத்தம் குறைவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் செங்கலின் சுட்ட தோல் போய்விடும்.

பெயின்ற் பூசாத செங்கல் கிடைத்தால் சிலிக்கேற் பெயின்ற் மிகச் சிறந்தது. கல்லோடு வேதி முறையில் பிணைந்து, ஈரத்தையும் வெளியே விடும். ஈரச் சுண்ணாம்பு ஓவியத்துக்குக் கிட்டத்தட்ட உறவு. ஏற்கெனவே லேற்றெக்ஸ் பூசிய சுவரில் அது பிடிக்காது. அங்கே வெளிப்புறத்துக்கான அக்ரிலிக்தான். சுவரும் காற்றும், இரவிலும் சேர்த்து, 10 பாகைக்குக் கீழே போகாத காலம் வேண்டும். மொன்றியலில் ஜூன் தொடக்கத்திலிருந்து செப்ரெம்பர் நடுப்பகுதி வரை என்று கணக்கு வையுங்கள். 10 மீற்றருக்கு 8 மீற்றர் சுவர் என்றால் 80 சதுர மீற்றர். கரட்டுச் செங்கலில் ஒரு லீற்றர் அடிப்பூச்சு ஐந்து சதுர மீற்றர்தான் ஓடும், எனவே ஒரு தரத்துக்கு 16 லீற்றர். டப்பாவில் எழுதியிருப்பது வழுவழுப்பான சுவருக்கான கணக்கு. உருளையும் முக்கால் அங்குல மயிர் உள்ளதாக இருக்கட்டும், அப்போதுதான் இடுக்குக்குள் போகும்.

குறுகிய கோடைக்குப் பிலடெல்பியாவில் ஒரு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். நெய்யாத மெல்லிய துணியை ஐந்தடிச் சதுரங்களாக வெட்டி, படத்தின் கோடுகளையும் நிற எண்களையும் அதில் பதித்து, மண்டபத்தில் வைத்து எல்லாரும் சேர்ந்து தீட்டுவது. பிள்ளைகளும் முழங்கால் வலிக்கும் அம்மம்மாக்களும் ஏணி ஏறாமல் பங்கெடுக்கலாம். மாரியில் தீட்டி வைத்து, கோடையில் அக்ரிலிக் ஜெல்லால் சுவரில் ஒட்டுகிறார்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றை வழித்துத் தள்ளாவிட்டால் குமிழ் விழும். குமிழுக்குள் தண்ணீர் போனால் அடுத்த மாரியில் துணி கிழியும். மேல் விளிம்பை நன்றாக அடைக்க வேண்டும்.

நேரே சுவரில் வரைவதானால், முதலில் சுவர் முழுக்கக் கண்டபடி எழுத்தும் கீறலும் போட்டு ஒரு படம் எடுங்கள். அதன் மேல் ஓவியத்தைத் தொலைபேசியில் பதித்தால் எந்தக் கண் எந்தக் கீறலுக்குப் பக்கத்தில் வரும் என்று தெரிந்துவிடும். ஏணியையும் சாரத்தையும் விளையாட்டாக எடுக்காதீர்கள். கியூபெக்கில் மூன்று மீற்றருக்கு மேல் வேலை செய்தால் விழாமல் தடுக்கும் ஏற்பாடு சட்டப்படி கட்டாயம். நிறங்களில் காவி, செம்மண், தலோ நீலம், தலோ பச்சை நிற்கும். மலிவான இளஞ்சிவப்பும் பளிச்சென்ற மஞ்சளும்தான் முதலில் போகும். சேலைக் கரை வரைய ஆசைப்படும் நமக்கு இது கஷ்டமான செய்தி. தமிழில் எழுதினால் புள்ளி ஒரு செங்கலின் உயரத்துக்காவது இருக்க வேண்டும். சின்னப் புள்ளியைச் சாந்துக் கோடு விழுங்கிவிடும், ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். கடையின் பெயரைச் சேர்த்தால் அது விளம்பரமாகப் பார்க்கப்படலாம், அப்போது பிரெஞ்சு மொழிச் சட்டமும் உள்ளே வரும். எதற்கும் உங்கள் பகுதியின் பறோ (நகரின் உட்பிரிவு) அலுவலகத்தில் வரைபடத்தோடு போய்க் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வீட்டுச் சொந்தக்காரரோடு எழுத்தில் உடன்படிக்கை வேண்டும்: எத்தனை வருடம் நிற்கும், யார் திருத்துவது, வீடு விற்றால் என்ன. ஓவியரோடும் தனியாக ஒன்று வேண்டும். கனடாவின் பதிப்புரிமைச் சட்டத்தில் படைப்பாளியின் தார்மீக உரிமை என்று ஒன்று உண்டு. பணம் கொடுத்தோம் என்பதற்காக, அவருடைய சம்மதம் இல்லாமல் பிறகு முகத்தை மாற்றி வரைய முடியாது.

முடிந்தபின் கிறுக்கலைத் தடுக்கும் பூச்சுப் போடுபவர்கள், வெந்நீரில் கழுவி எடுத்துத் திரும்பப் பூசக்கூடிய மெழுகு வகையை எடுங்கள். கனத்த பொலியூரித்தேன் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். நடைபாதை உப்பு தெறிப்பது கீழ் ஒரு மீற்றரில்தான். அங்கே முகமோ எழுத்தோ வேண்டாம், தனியாகத் திருத்தக்கூடிய ஒரே கடும் நிறப் பட்டி விடுங்கள். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு லீற்றர் மிச்சம் பிடித்து, எண்ணை மூடியில் எழுதி, வீட்டுக்குள்ளே வையுங்கள். கராஜில் வைத்தால் ஜனவரியில் உறைந்து கட்டியாகிவிடும்.