முட்டிக்கு நேர்ந்த மொட்டை

போன வருடம் ஒரு கபடிப் போட்டியில் ரெய்டு போனபோது எதிரணியின் லெஃப்ட் கார்னரில் நின்றவன் என் கணுக்காலைப் பிடித்தான். உடம்பு திரும்பிவிட்டது, முட்டி திரும்பவில்லை. உள்ளுக்குள் டப்பென்று ஒரு சத்தம். கபடி ஆடுகிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. இடது முட்டியில் எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும் ஏசிஎல் என்ற நார் கிழிந்திருந்தது. தொடையின் பின்பக்கத் தசைநாரில் கொஞ்சம் எடுத்து உள்ளே வைத்துச் சரிசெய்தார்கள். ஒன்பது மாதமாவது கோட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் தியேட்டருக்குள் மயக்கத்தில் கிடந்த நேரத்தில், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பத்தா பழனி முருகனிடம் பேசி முடித்துவிட்டது. "எம்பேரன் எந்திரிச்சு நடந்தா, திண்டுக்கல்லுல இருந்து நடக்க வச்சே உன்கிட்ட கூட்டியாரேன். மொட்டையும் போட்டு, உன் ராஜ அலங்காரத்தையும் பாக்க வைக்கிறேன்." இதுதான் வேண்டுதல். நடக்கப்போவதும் நான், முடி கொடுக்கப்போவதும் நான். என்னைத்தான் யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வீடே முட்டியைச் சுற்றித்தான் ஓடியது. காலையில் கட்டிலில் படுத்தபடி காலை நீட்டித் தூக்கி இறக்க வேண்டும். அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே எண்ணும். ஐந்துக்கு அப்புறம் நேராக எட்டுக்குப் போய்விடும், பேரனுக்கு வலிக்குமாம். கல்லூரிக்கு ஒரு நண்பன் பைக்கில் கூட்டிப்போய், மாடி வகுப்பு வரைக்கும் என் பையையும் சேர்த்துச் சுமந்தான். அசைன்மென்ட், இன்டர்னல், ஐஸ் பேக், பிசியோ என்று நாட்கள் போயின. மெதுவாக நடை, அப்புறம் ஓட்டம், அப்புறம் மேட். முதல் தடவை பயமில்லாமல் போனஸ் லைனைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்த அன்று, அம்மா காலண்டரை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

பொங்கல் லீவில் போவது என்று முடிவானது. அதற்கடுத்த மாதம் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு. மொட்டைத் தலையோடு போய் நிற்க வேண்டுமே என்ற கவலையைச் சொன்னால், "ரெய்டு போறப்ப ஒருத்தனும் முடியைப் பிடிக்க முடியாதுல்ல" என்று அப்பா முடித்துவிட்டார். மாலை போட்டதும் கோச் மேட்டில் இறங்க விடவில்லை. கழுத்தில் மாலையோடு பிடிவிளையாட்டு ஆடக் கூடாது, அது சரிதான். ஓட்டமும் ஸ்கிப்பிங்கும் மட்டும். முட்டைக்குப் பதிலாக அம்மா தினமும் கொண்டைக்கடலை அவித்துக் கொடுத்தாள். அதை நினைத்தால் இப்போதும் வாய் உலர்கிறது.

எங்கள் தெருக்குழுவோடு விடியும் முன்னே பச்சை வேட்டி கட்டிக் கிளம்பினோம். திண்டுக்கல்லில் இருந்து பழனிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். முதல் நாள் ஒட்டன்சத்திரத்தில் தங்கல், மறுநாள் பழனி. ரெட்டியார்சத்திரம் வரைக்கும் கால் தரையில் பாவவில்லை, அவ்வளவு உற்சாகம். வழியெல்லாம் மோர், எலுமிச்சைச் சாதம், ஆரஞ்சுச் சுளை என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் கை நன்றாக இருக்கட்டும். ஆனால் வாங்கித் தின்றுவிட்டுத் தட்டை அப்படியே நடைபாதையில் வீசுகிறார்களே, அவர்களை என்ன சொல்ல? பின்னால் வருகிற ஆயிரம் பேர் வெறுங்காலோடு அதே வழியில்தான் வருகிறார்கள். நடக்கிறவர்களுக்கென்று போட்ட பாதையில் பைக்கை விட்டு ஹாரன் அடிக்கிறவர்கள் வேறு.

சோதனை இரண்டாம் நாள்தான் வந்தது. விருப்பாச்சி தாண்டியதும் முட்டி லேசாக வீங்கத் தொடங்கியது. இடது பக்கம் கொடைக்கானல் மலை பனியில் மங்கலாகத் தெரிந்தது, அங்கிருந்து குளிர்காற்று இறங்கிக்கொண்டே இருந்தது. அதில் முட்டி விறைத்துப்போய், மடக்கினால் ஒரு வலி, நீட்டினால் ஒரு வலி. நான் எதுவும் சொல்லவில்லை. அப்பா முதல் நாளிலிருந்தே எனக்கு அரையடி பின்னால்தான் நடந்து வந்தார். ஏதோ பேச்சுத் துணைக்கு என்று நினைத்திருந்தேன். சத்திரப்பட்டிக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில், "உக்காரு" என்றார். தோள்பையைத் திறந்தார். மாற்று வேட்டிக்கு அடியில் க்ரேப் பேண்டேஜ், ஸ்ப்ரே, முட்டிக்கு மாட்டுகிற என் பழைய நீ கேப். பிசியோவிடம் தனியாகப் போய்க் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். கால் அவர் மடியில். கீழிருந்து மேலாக, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடுகிற மாதிரி, சுருக்கமே விழாமல் சுற்றினார். அவ்வளவு பெரிய கை அவ்வளவு நிதானமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. நான் கபடி ஆடுவது அவருக்குப் பிடிக்காது, ஒரு மேட்ச்சுக்குக்கூட வந்து நின்றதில்லை. கட்டி முடித்து ஊக்கைக் குத்தியதும், "வலிச்சா பஸ் ஏறிரலாம். முருகன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு" என்றார்.

அந்த நேரம் பார்த்து அப்பத்தா போன். "பய எப்படி நடக்குறான்?"

"ஓடுறான்" என்றார் அப்பா.

ஆயக்குடி வந்ததும் கொய்யாப்பழக் கூடைகள், அப்புறம் தூரத்தில் மலை. மலை தெரிந்த இடத்தில் குழுவே நின்று "அரோகரா" போட்டது. அதற்கப்புறம் கால் என்னுடையதாகவே இல்லை, அவன் இழுத்துக்கொண்டான்.

அடிவாரத்தைப் பற்றிப் புலம்பாமல் இருக்க முடியவில்லை. சண்முகநதியில் குளித்து, மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு வந்த என்னை நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் செருப்பை இங்கே விடு என்கிறார். என் காலில் செருப்பே இல்லை. ஒருவர் இந்த அர்ச்சனைத் தட்டு வாங்காவிட்டால் மேலே விட மாட்டார்கள் என்று சத்தியம் செய்கிறார். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, "ஆறு மணி நேரம் நிக்கணும் தம்பி. நம்மகிட்ட சொல்லுங்க, அரை மணியில தரிசனம்" என்றார். அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்து, "இம்புட்டுத் தூரம் நடந்து வந்தவனுக்கு நிக்கத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார். முதல் தடவை போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒருத்தரிடமும் நின்று பதில் சொல்லாதீர்கள். நின்றால் போச்சு.

திருஆவினன்குடியில் கும்பிட்டுவிட்டு, அம்மாவும் அப்பத்தாவும் மலைமேல் இழுத்துப்போகும் வின்ச் பெட்டிக்கான வரிசைக்குப் போனார்கள். அவர்கள் காலையில் பஸ்ஸில் வந்துவிட்டார்கள். நாங்கள் யானைப்பாதை. படிக்கட்டு ஏறுவதைவிட இறங்குவதுதான் இந்த முட்டிக்கு ஆகாது, அதனால் இரண்டுக்கும் சரிவான பாதையே என்று அப்பா முன்பே முடிவு செய்திருந்தார். மேலே போனுக்கு அனுமதி கிடையாது, 2023லிருந்தே தடை. கீழேயே ஒப்படைத்துவிட்டோம். மேல் வின்ச் ஸ்டேஷன் வாசலில் சந்திப்பதாகப் பேச்சு. ஆனால் வின்ச்சில் அப்படி ஒரு கூட்டம். நாங்கள் மூச்சு வாங்கி, வியர்வை ஆறி, வருகிற ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துப் பார்த்து அப்பாவின் முகம் சிறுத்துப்போய்விட்டது. கடைசியில் அப்பத்தா வந்து இறங்கி, "நடந்தே வந்திருக்கலாம்" என்று அலுத்துக்கொண்டது.

தரிசன வரிசை அசைந்தது, நின்றது, அசைந்தது. குழந்தைகள் அழுதன. பின்னால் நின்ற ஒருவர் என் முதுகில் சாய்ந்தே தூங்கினார் என்று நினைக்கிறேன். சந்தனமும் வியர்வையும் சேர்ந்து நெற்றியில் வழிந்து கண் எரிந்தது. ஒரு வழியாகச் சந்நிதி மண்டபத்துக்குள் நுழைந்து, இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று நினைத்தபோது முன்னால் இருந்து சத்தம் வந்தது. "திரை போட்டுட்டாங்க!"

அப்பாவுக்கு வந்ததே கோபம். வின்ச் சீக்கிரம் கிடைத்திருந்தால் இந்நேரம் பார்த்து முடித்திருக்கலாம், அம்மாவுக்குக் கால் கடுக்குது, எத்தனை நேரம் நிறுத்துவார்கள் என்று பொருமினார். அப்பத்தா தூணில் சாய்ந்துகொண்டு பக்கத்தில் நின்ற அம்மாளிடம் மெதுவாக, "இப்ப என்ன பூசை தாயி?" என்று கேட்டது.

"சாயரட்சை."

அப்பத்தா பேசவில்லை. என் கையைப் பிடித்தது. சாயங்காலப் பூசையான சாயரட்சை என்றால் ராஜ அலங்காரம். எங்கள் வீட்டுப் பூஜையறையில் இருப்பதும் அந்தப் படம்தான். ஆண்டிக் கோலத்துப் படம் வீட்டுக்கு ஆகாது என்று அப்பத்தா ஒருநாளும் வாங்க விட்டதில்லை. நாங்கள் யாரும் நேரம் பார்த்து வரவில்லை. வின்ச்சில் கூட்டம் இல்லாமல் இருந்திருந்தால், வரிசை கொஞ்சம் வேகமாக நகர்ந்திருந்தால், வேறு அலங்காரத்தைப் பார்த்துவிட்டு மலை இறங்கியிருப்போம். அப்பத்தா கேட்டதோ ராஜ அலங்காரம். அவன் எங்களை இழுத்தடித்துக் கொண்டுவந்து சரியாக அந்தத் திரைக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறான். அப்பாவின் வாய் தானாக அடைத்துக்கொண்டது.

மணி அடித்தது. திரை விலகியதும் மண்டபம் முழுக்க ஒரே குரலில் அரோகரா. எல்லாரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்க, அப்பத்தாவுக்கு முன்னால் வெறும் முதுகும் கையுமாக ஆகிவிட்டது. அது குள்ளம், கூன் வேறு. எக்கிப் பார்க்கிறது, ஒன்றும் தெரியவில்லை. "எங்கடா, எங்கடா" என்கிறது. நான் யோசிக்கவில்லை. முட்டியை மடக்கிக் குனிந்து, இடுப்பைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

தூக்கினால் அப்பத்தா முருகனைப் பார்க்கவில்லை. "டேய்! காலு! காலுடா! எறக்குடா என்னைய!" என்று என் மொட்டைத் தலையிலேயே அடிக்கிறது. "அப்பத்தா, அங்க பாரு, அங்க பாரு" என்று நான் கத்துகிறேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யாரோ இரண்டு பேர் விலகி வழிவிட்டார்கள். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தது. அடி நின்றுவிட்டது.

கிரீடம், பட்டு, மாலை, தீப வெளிச்சம். போகர் சித்தர் செய்த அந்தச் சின்னத் திருமேனி. பார்க்கப் பார்க்க முகம் மட்டும் கிட்டே கிட்டே வருகிறது. என் இடது முட்டியில் அப்பத்தாவின் முழு எடையும் இறங்கியிருந்தது. அது நடுங்கக்கூட இல்லை. மேலிருந்து அப்பத்தாவின் குரல், ரொம்ப சாதாரணமாக: "இந்தா முருகா, கூட்டியாந்துட்டேன். பாத்துக்க."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. நகருங்க, நகருங்க என்று தள்ளிவிட்டார்கள். வெளியே வந்து பிராகாரத்தில் நின்றபோது அம்மா அழுதுகொண்டிருந்தாள், அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. தைத்த டாக்டர், வலிக்க வலிக்க மடக்கவைத்த பிசியோ, பையைத் தூக்கின நண்பன், மோர் கொடுத்த முகம் தெரியாத அம்மா, புளியமரம், க்ரேப் பேண்டேஜ் எல்லாமே அவன்தான் என்று தோன்றியது. முருகா, முருகா, முருகா. அதற்கு மேல் வார்த்தை வரவில்லை, இப்போது எழுதும்போதும் வரவில்லை.

போகர் சந்நிதியில் கும்பிட்டுவிட்டு, பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு யானைப்பாதையில் மெதுவாக இறங்கினேன். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பஞ்சாமிர்தம், அதை டப்பாவிலிருந்து விரலால் வழித்துத் தின்பதற்குத்தான் இத்தனை நாள் கொண்டைக்கடலையைப் பொறுத்துக்கொண்டேன். அம்மாவும் அப்பத்தாவும் வின்ச்சில் வந்து சேர்ந்தார்கள்.

பஸ்ஸில் அப்பத்தா எனக்குப் பக்கத்து சீட். என் தலையைத் தடவிக்கொண்டே, செலெக்‌ஷன் என்றைக்கு என்று விசாரித்தது. சொன்னேன். மலை இருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டு, "இவன் டீமுக்குப் போயிட்டா அடுத்த தைக்கு நானே நடந்து வாரேன் முருகா" என்றது.

முன் சீட்டிலிருந்து அப்பா அலறிக்கொண்டு திரும்பினார். "அம்மா, சும்மா இரும்மா! முருகா, இதைக் கணக்குல எடுத்துக்காதப்பா!"