சிவப்பு 86: டர்பன் நாட்குறிப்பு

2 மார்ச் 2024, சனி

காலையில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது பார்த்தேன். ஒரு வீட்டு வாசலில் டொயோட்டா 86 என்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், முன்கண்ணாடியில் விலை எழுதிய காகிதம். 1,60,000 ராண்ட். அடிபடாத வண்டிக்குப் போன மாதம் நான் கேட்ட விலை இதைவிட ஒரு லட்சம் கூடுதல்.

டர்பனுக்கு வந்து 11 வருஷம் ஆகிறது. வந்த புதிதில் கடற்கரைச் சாலையில் ஒன்று என்னைத் தாண்டிப் போனது. அன்றைக்குப் பிடித்த ஆசை. என்ஜின் சுபாருவினுடையது, பிஸ்டன்கள் நிமிர்ந்து நிற்காமல் படுத்தவாக்கில் இரண்டு பக்கமும் ஓடும். அதனால் எடை தரையோடு தாழ்ந்து இருக்கும், வளைவில் வண்டி அதிகம் சாயாது. சிலிண்டரின் விட்டம் 86 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரமும் அதே 86. பெயருக்கும் என்ஜினுக்கும் இப்படி ஒரு பொருத்தம் வைத்தவர்கள் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

வண்டிக்காரத் தம்பிக்கு 25 வயது இருக்கும். "அண்ணே, மறைக்க ஒன்றும் இல்லை, இது கோட் 3" என்று முதலிலேயே சொல்லிவிட்டான். அது எனக்குப் பிடித்திருந்தது.

4 மார்ச், திங்கள்

கோட் என்றால் என்ன என்று ஊரில் இருக்கும் என் தம்பி போனில் கேட்டான். இங்கே வண்டிப் பதிவிலேயே அது இருக்கும். புது வண்டி 1, பழையது 2. அடிபட்டுக் காப்பீட்டுக்காரர்கள் கைவிட்டதைத் திரும்பக் கட்டி ஓடவிட்டால் 3. உதிரிபாகத்துக்கு மட்டும் ஆகும் என்றால் 3ஏ, நசுக்கிப் போட வேண்டியது 4. ஒருமுறை 3 ஆகிவிட்டால் திரும்ப 2 ஆகாது. கட்டிய வண்டியைப் பதிய போலீஸ் சான்று வேண்டும், ரோட்டில் ஓடத் தகுதி என்று சொல்லும் ரோட்வொர்தி சான்றும் வேண்டும். வண்டிக்காரத் தம்பியிடம் இரண்டும் இருக்கின்றன.

உண்மையில் கோட் 3 என்று ஒத்துக்கொள்ளும் வண்டியைவிட, கைவிடப்பட்டும் கோட் 2 ஆகவே சுற்றும் வண்டிதான் பயம். அதற்காகவே இங்குள்ள காப்பீட்டு நிறுவனங்களின் சங்கம் வண்டி கைவிடப்பட்டதா என்று இணையத்தில் பார்க்க ஒரு வசதி வைத்திருக்கிறது. சேஸிஸ் எண்ணைப் போட்டேன். வண்டிக்காரத் தம்பி சொன்னது சரிதான்.

காப்பீட்டு முகவரிடமும் பேசினேன். இரண்டு கம்பெனிகள் முழுக் காப்பீடு தரவே மாட்டோம் என்றுவிட்டன. மூன்றாவது தரும், ஆனால் விபத்து நடந்தால் சாதாரண 86க்குத் தரும் தொகை வராது. வாங்கும்போது மிச்சமாகும் பணம் விற்கும்போதும் குறையும். இது ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது.

7 மார்ச், வியாழன்

வேலை முடிந்து ஓட்டிப் பார்த்தேன். ஹிகின்சன் நெடுஞ்சாலையில் 20 நிமிஷம். மூன்றாம் கியரில் 7,000 சுற்று வரை போகவிட்டேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பிரேக் பிடித்தால் மட்டும் இடப்பக்கம் லேசாக இழுக்கிறது. சக்கர அலைன்மெண்ட்தான் என்கிறான் வண்டிக்காரத் தம்பி. இருக்கலாம்.

வீட்டில் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாப்பா எந்தப் பக்கம் உட்காருவாள்?" என்றாள். பின்சீட்டில் கால் நீட்ட இடமில்லை. 13 வயசுப் பிள்ளை முன்னால் இடப்பக்கம்தான் உட்காருவாள். வண்டி அடிவாங்கியதும் இடப்பக்கம்தான்.

9 மார்ச், சனி

அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு போனேன். ப்ரோஸ்பெக்டன் டொயோட்டா தொழிற்சாலையில் 31 வருஷம் பாடி பிரிவில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டியை ஆயா என்பார். அந்த ஆயா பேசிய தமிழை விடாமல் வைத்திருக்கிற மனிதர். கோவிலில் பழக்கம்.

போனதும் பானெட்டைத் திறப்பார் என்று நினைத்தேன். திறக்கவில்லை. வெயிலுக்கு எதிரில் குனிந்து, கதவுக்கும் ஃபெண்டருக்கும் (சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு) நடுவே இருக்கும் இடைவெளியைப் பார்த்தார். வலப்பக்கம் சுண்டுவிரல் நகம் நுழைகிறது. இடப்பக்கம் மேலே நுழைகிறது, கீழே நுழையவில்லை. அப்புறம் பெயிண்ட் கனம் பார்க்கும் கருவி. கூரையில் 110 மைக்ரான், வலக்கதவில் 120, இடது பின் ஃபெண்டரில் 640. பெயிண்டுக்கு அடியில் பட்டி, பள்ளத்தை நிரப்பும் பூச்சு.

"பட்டி போட்டால் தப்பில்லை தம்பி. தகரம்தானே. எலும்பைப் பார்க்கணும்" என்றார்.

வண்டியை ஜாக்கியில் தூக்கி, மெத்தை அட்டை விரித்து, அந்த வயதில் கீழே படுத்தார். முன்பக்கச் சட்டத்தில் வெல்டிங் புள்ளிகளை விரலால் எண்ணினார். தொழிற்சாலைப் புள்ளி வட்டமாக, ஒரே இடைவெளியில், கொஞ்சம் குழிந்து இருக்கும். இங்கே ஒரு கை அகலத்துக்குப் புள்ளி இல்லை, வரிசையாக உருண்ட பற்று. மேலே கறுப்புப் பூச்சு அடித்திருந்தார்கள், ஓரத்தில் ஏற்கெனவே துரு. கடலோர ஊரில் மூடாத வெல்டிங் சீக்கிரம் தின்னப்படும். ஆனால் சட்டம் நேராக இருக்கிறது, இழுத்து நிமிர்த்தியவன் தொழில் தெரிந்தவன் என்றார். எனக்கு நெஞ்சு லேசானது.

அப்புறம்தான் உள்ளே ஏறினார். சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைந்தது. நான் சரி என்றேன். அவர் டாஷ்போர்டைத் தடவிக்கொண்டே இருந்தார். "கையைக் கொடு" என்று என் கையைப் பிடித்து வலமிருந்து இடம் இழுத்தார். பாதி வரை சொரசொரப்பு, அப்புறம் மேலே ஏதோ பூசி மூடியது போல வழவழப்பு.

தம்பியிடம் அனுமதி கேட்டு, பேட்டரியைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டு, கிளவ் பாக்ஸை எடுத்தார். டார்ச் அடித்தேன். ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. வயர் முனையில் கறுப்பு டேப். பிரித்தால் அரிசி அளவு ரெசிஸ்டர், மின்தடை. கம்ப்யூட்டர் அதைப் பார்த்து ஏர்பேக் இருக்கிறது என்று நம்பி விளக்கை அணைத்துவிடுகிறது. ரோட்வொர்தி சோதனையில் யாரும் டாஷ்போர்டைப் பிரிக்க மாட்டார்கள்.

இடது சீட் பெல்ட்டை இழுத்துவிட்டார். அது திரும்பிப் போகாமல் துவண்டு கிடந்தது.

தம்பி முகம் வெளுத்துவிட்டது. ஒரு பட்டறையில் ஏர்பேக்குக்கு என்று பணம் கொடுத்த ரசீதைக் கொண்டுவந்து காட்டினான். நான் அவனை நம்புகிறேன்.

10 மார்ச், ஞாயிறு

தூக்கமில்லை. ஏர்பேக், பெல்ட், டாஷ்போர்டு மூன்றையும் புதிதாக மாற்றி வாங்கலாமே என்று மனசு கணக்குப் போடுகிறது. ஆனால் பார்த்த இடத்தில் இப்படி என்றால் பார்க்காத இடத்தில்? கதவுக்குள் இருப்பதையும் பிரிக்க முடியுமா? ஒப்பந்தத் தாளில் 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்று இருந்தது. உள்ளது உள்ளபடி என்று பொருள். விற்பவர் தெரிந்தே ஒளித்திருந்தால் அது அவரைக் காக்காது. ஆனால் இந்தப் பையனுக்கே தெரியாது. வாங்கியபின் யாரிடம் கேட்பேன்?

12 மார்ச், செவ்வாய்

போன் பண்ணி வேண்டாம் என்று சொன்னேன். அவன் விலையைக் குறைக்கவில்லை. "அண்ணே, வெள்ளிக்கிழமை அம்மாவை அந்த சீட்டில்தான் கோவிலுக்குக் கூட்டிப்போவேன்" என்றான். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அண்ணாச்சி நம்பரைக் கொடுத்தேன்.

16 மார்ச், சனி

மார்க்கெட்டிலிருந்து திரும்பும் வழியில் பார்த்தேன். முன்கண்ணாடியில் காகிதம் இல்லை. இடது சீட்டைக் கழற்றி வாசல் திண்ணையில் வைத்திருந்தார்கள். அண்ணாச்சி உள்ளே தலையை விட்டிருந்தார், தம்பி டார்ச் பிடித்திருந்தான். பையை வைத்துவிட்டு நானும் ஒரு கை கொடுத்தேன். மத்தியானம் ஆகிவிட்டது. முருங்கைக்காய் வாடிவிட்டது.