ஆரியங்காவில் மதுரை மாப்பிள்ளை

கேரளத்தில் பூஜை விடுமுறை வந்துவிட்டால் ஆங்கில வாத்தியாருக்கு வேலை இல்லை. துர்காஷ்டமி மாலை புத்தகங்களைப் பூஜைக்கு வைத்தால், விஜயதசமி காலை எடுக்கும்வரை யாரும் ஓர் எழுத்துகூடப் படிக்க மாட்டார்கள். புனலூரில் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் கிராமர் புத்தகத்தையும் சரஸ்வதி முன்னால் அடுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். இடையில் வந்தது சனிக்கிழமை, சாஸ்தாவுக்கு உகந்த நாள். சரி, சாஸ்தா கோயில் இருக்கும் ஆரியங்காவு போய் வரலாம் என்று செங்கோட்டை பஸ் ஏறினேன்.

தென்மலை தாண்டினால் சாலையோரமே பதிமூன்று கண் ரயில் பாலம். 1904-ல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கிய பாதை இது. 2018-ல் அகலப் பாதையாகி மறுபடி திறந்தார்கள். பழைய கல் வளைவுகள் மட்டும் அதே கம்பீரத்தோடு நிற்கின்றன.

ஆரியங்காவில் கோயில் ரோட்டு மட்டத்துக்கு நன்றாகக் கீழே இருக்கிறது. படி இறங்க இறங்க லாரிச் சத்தம் மேலேயே தங்கிவிடுகிறது. சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, பெயரும் நட்சத்திரமும் சொல்லி நீராஞ்சனத்துக்குச் சீட்டு வாங்கினேன். உடைத்த தேங்காய் மூடியில் நல்லெண்ணெய், அதில் எள்ளு கட்டிய சின்னக் கிழி. அது எரிய எரிய எள் பொரிகிற வாசனையும் தேங்காய் சூடாகிற வாசனையும் கலந்து வரும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அங்கே நிற்கலாம் போலிருந்தது. மேல்சாந்தி, அதாவது தலைமை அர்ச்சகர், வாழையிலைத் துண்டில் சந்தனம் வைத்து, கை படாமல் உள்ளங்கையில் போட்டார்.

குளத்துப்புழையில் பாலகன், அச்சன்கோவிலில் அரசன், சபரிமலையில் தவக்கோலம். இங்கே ஐயன் குமாரன், கல்யாண வயதுப் பிள்ளை. பெண் எடுத்தது எங்கே என்றால் நம் மதுரையில்! திருவிதாங்கூர் ராஜாவுக்குப் பட்டு கொண்டுபோன சௌராஷ்டிர வியாபாரி ஒருவர், காட்டுவழிக்குப் பயந்து மகள் புஷ்கலையை மேல்சாந்தி வீட்டில் விட்டுப் போனாராம். வழியில் யானை மறிக்க, ஓர் இளைஞன் வந்து காப்பாற்றினான். நன்றிக்கு ஒரு பட்டைக் கொடுத்தார். திரும்பி வந்து பார்த்தால் அந்தப் பட்டு சன்னதியில் ஐயன் மேல் கிடக்கிறது. மகள் அவனோடு ஐக்கியமாகிவிட்டாள் என்பது ஐதீகம்.

மண்டபத்தில் மதுரைப் பெரியவர் ஒருவர் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். என் தமிழைக் கேட்டதும் "எந்த ஊரு தம்பி?" என்றார். தென்காசிப் பக்கம், வேலை இங்கே என்றேன்.

"அப்புறம் என்ன, நம்ம பொண்ணு வாக்கப்பட்ட ஊர்லதான இருக்கீங்க. இங்க வந்தா எங்களச் சம்பந்தின்னுதான் மரியாதை பண்ணுவாங்க. கல்யாணத்துக்கு வந்து பாருங்க."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை நாள் இந்த மலைக்கு இந்தப் பக்கம் பிழைக்க வந்தவனாகத்தான் என்னை நினைத்திருந்தேன். பெண் கொடுத்த வீட்டு மனுஷனாக ஒரு நாளும் நினைத்ததில்லை. மறுபடி உள்ளே போய் ஐயனைப் பார்த்தபோது, கும்பிட்ட கையோடு வாய் தானாக "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டது.

மார்கழியில், மண்டலக் காலம் முடிகிற சமயத்தில் திருக்கல்யாணம். மதுரையிலிருந்து பெண் வீட்டார் சீரோடு வருவார்கள். பாண்டியன் முடிப்பு என்ற பண முடிப்புச் சடங்கும் உண்டு. செங்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான், புனலூர் பஸ் எல்லாம் கோயில் வழியாகவே போகும். இந்த வருஷம் நானும் பெண் வீட்டாரோடு நிற்கப் போகிறேன்.