சோபாவைக் கடைசியில் பாருங்கள்

மே மாத விக்டோரியா தின விடுமுறை வந்துவிட்டால், கால்கரியிலிருந்து பான்ஃப் போகும் டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையில் காரைவிட டிரெய்லர்தான் அதிகம் கண்ணில் படும். அவற்றில் பெரியவை ஃபிஃப்த் வீல்கள். பிக்கப் டிரக்கின் பின்தொட்டிக்கு மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு, உள்ளே படுக்கையறை, அடுப்படி, குளியலறை என்று ஒரு சின்ன வீடாகவே போகும். ஆல்பர்ட்டாவுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் இதெல்லாம் இந்த ஊர்க்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு என்று இருந்தோம். மாமனாரும் மாமியாரும் பெற்றோர் நீண்ட நாள் தங்குவதற்கான சூப்பர் விசாவில் வந்த பிறகு அந்தப் பேச்சு மாறியது. ஜூலை மாதம் பான்ஃபில் ஆறு பேர் தங்க வேண்டுமானால் ஓட்டலில் இரண்டு அறை எடுக்க வேண்டும். மாமியார் வெளியில் கைநனைக்க மாட்டார். கூடாரம் அடித்துத் தரையில் படுத்தால் மாமனாரின் முழங்கால் மறுநாள் அவரை எழ விடாது. கட்டிலும் அடுப்பும் கழிப்பறையும் கூடவே வர வேண்டும் என்றால் வேறு வழி இல்லை.

பம்பருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சாதாரண டிரெய்லர் விலை குறைவுதான். ஆனால் லெத்பிரிட்ஜ், பின்ச்சர் கிரீக் பக்கம் மலையிலிருந்து இறங்கும் சினூக் காற்றில் ஒருமுறை வண்டி ஓட்டியவர்கள் அதை வாங்க யோசிப்பார்கள். பக்கவாட்டுக் காற்றில் பின்பக்கம் ஆடும். ஃபிஃப்த் வீலின் முன்பாரம் டிரக்கின் பின் ஆக்சிலுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னால் இறங்குவதால் அந்த ஆட்டம் வெகுவாகக் குறைகிறது. இதை மாமனாருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். டிரக்கில் பொருத்திய ஹிட்ச் தட்டையும், டிரெய்லரிலிருந்து இறங்கி அதில் பூட்டிக்கொள்ளும் கிங்பின் என்ற தடித்த இரும்பு ஊசியையும் பார்த்ததுமே, "அட, நம் டிரெய்லர் லாரியில் இருப்பதேதான் மாப்பிள்ளை, அளவில்தான் சிறியது" என்றார். அன்றிலிருந்து இந்த வேலைக்கு அவர்தான் தலைமை.

முதலில் பார்க்க வேண்டியது டிரெய்லரை அல்ல, டிரக்கை. விற்பனைக்காரர் யாரைக் கேட்டாலும், "உங்கள் வண்டி ஆறு டன்னுக்கு மேல் இழுக்கும், கவலையே வேண்டாம்" என்பார். இழுக்கும்தான். ஃபிஃப்த் வீலில் முதலில் தீர்ந்துபோவது இழுவைத் திறன் அல்ல, முதுகில் சுமக்கும் திறன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கத் தூணில் ஒரு ஒட்டுத்தாள் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். டிரெய்லரின் மொத்த எடையில் 20 முதல் 25 சதவீதம் கிங்பின் வழியாக டிரக்கின் மேல் இறங்குகிறது. தண்ணீர், காஸ், அரிசி, பாத்திரம் எல்லாம் ஏற்றிய பிறகு 5,000 கிலோ வரும் டிரெய்லர் என்றால் 1,000 முதல் 1,250 கிலோ. அதன்மேல் ஹிட்ச் ஒரு 80 கிலோ, பிறகு உள்ளே உட்காரும் நாம்.

என் வேலைக்காக வாங்கிய பெட்ரோல் டிரக்கை முக்கால் டன் வகை என்பார்கள்; அது பழைய வகைப் பெயர்தான், உண்மையில் ஏறத்தாழ 1,450 கிலோ சுமக்கும். அவ்வளவு உயரத்தில் மாமியார் ஏற மாட்டார் என்பதால் அவரும் மாமனாரும் என் மனைவி ஓட்டும் காரில் பின்னால் வருவதாக ஏற்பாடு. அதனால்தான் கணக்கு உதைக்காமல் நின்றது. இதே டிரக்கை டீசலில் எடுத்திருந்தால் இழுவை கூடும், சுமக்கும் அளவு குறையும். டீசல் எஞ்சின் கனமானது, அதன் எடையும் இதே கணக்கில்தான் கழிகிறது. அதைவிடச் சிறிய அரை டன் வகை டிரக் வைத்திருப்பவர்களுக்கு என்றே சில சின்ன ஃபிஃப்த் வீல்களை விளம்பரம் செய்கிறார்கள். அந்த விளம்பரத்தைவிடக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளை நம்புவது நல்லது. விலைச்சீட்டில் போட்டிருக்கும் வெற்று எடையையும் நம்ப வேண்டாம். காலி டிரெய்லரை யாரும் முகாமுக்கு இழுத்துப் போவதில்லை.

அடுத்தது, புதிதா பழையதா. நடுத்தர விலையில் வாங்குபவருக்கு என் பதில் பழையதுதான், ஆனால் ஆண்டு பார்த்து. நாங்கள் பார்த்த இடங்களில் 30 அடி அளவுள்ள புதியவை 70,000 கனடிய டாலரில் தொடங்கின. ஐந்தாறு ஆண்டு ஓடியவை அதில் பாதியை ஒட்டிக் கிடைத்தன. விலை இறங்குவது மட்டும் காரணம் இல்லை. வட அமெரிக்காவின் இந்த வண்டிகளில் பெரும்பாலானவை இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் செய்யப்படுபவை. தொழிற்சாலையில் வேகம்தான் எல்லாம். குழாய் இணைப்பு இறுகாமல் இருப்பது, கூரை விளிம்பில் பசை விட்டுப்போவது, கதவுக் கீல் சாய்ந்திருப்பது போன்ற பிறவிக் குறைகள் முதல் இரண்டு கோடையில் வெளியே வரும். வேலையிடத்து நண்பர் ஒருவர் புதிதாக வாங்கினார். பக்கவாட்டில் வெளியே நீளும் அறை ஒழுகி, உத்தரவாதத்தில் பழுது பார்க்க வரிசையில் நின்றே அந்தக் கோடை போயிற்று. கவனமான முதல் உரிமையாளரிடமிருந்து வாங்கினால் இந்தத் தலைவலியை அவர் ஏற்கெனவே பட்டுத் தீர்த்திருப்பார்.

ஆண்டு பார்த்து என்றது எதற்காக என்றால், கொரோனா காலத்தில் ஊரெல்லாம் டிரெய்லர் கேட்டது. 2021இல் மட்டும் தொழிற்சாலைகளிலிருந்து 6 லட்சத்துக்கும் சற்று அதிகமான வண்டிகள் வெளியேறின. அது அந்தத் தொழிலின் உச்சம். 2023இல் அது ஏறத்தாழ 3 லட்சத்து 13 ஆயிரமாகச் சுருங்கியது. அந்த அவசரத்தில் செய்தவை எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளின் வண்டியை இரட்டிப்புக் கவனத்தோடு பார்ப்பேன். அன்றைக்கு எகிறிய விலை கொடுத்து வாங்கியவர்கள் இன்றும் அந்த விலையை மனதில் வைத்துக்கொண்டே பேரம் பேசுகிறார்கள் என்பது வேறு.

எந்த பிராண்ட் என்று என்னைக் கேட்பவர்களுக்கு ஏமாற்றம்தான். கீஸ்டோன், ஜேகோ, ஹார்ட்லேண்ட் மூன்றும் தோர் என்ற ஒரே குழுமத்துடையவை. ஃபாரஸ்ட் ரிவரை 2005இல் பெர்க்‌ஷயர் ஹாத்தவே வாங்கியது. கிராண்ட் டிசைன் 2016 முதல் வின்னபேகோவின் கையில். மேலே ஒட்டிய பெயர் எதுவானாலும், அடியில் இருக்கும் இரும்புச் சட்டம் பெரும்பாலும் லிப்பர்ட் என்ற ஒரே நிறுவனத்திடமிருந்து வருகிறது. ஆரெகன் மாநிலத்தின் லா கிராண்டில் செய்யப்படும் ஆர்க்டிக் ஃபாக்ஸ் இதற்கு விதிவிலக்கு. சட்டத்தையும் அவர்களே கட்டுகிறார்கள். மாமனார் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு மனமே இல்லாமல்தான் நகர்ந்தார். எங்கள் டிரக்குக்கு அது கனம் அதிகம். மற்றபடி மேலே சொன்ன நிறுவனங்களின் மாடல்களான கூகர், ஈகிள், ரிஃப்ளெக்‌ஷன், ராக்வுட் சிக்னேச்சர் ஆகிய நான்கும் எங்கள் பட்டியலில் சமமாகவே இருந்தன. அதே மாடலில் நன்றாகப் பராமரித்த வண்டிக்கும் பராமரிக்காத வண்டிக்கும் இருந்த வித்தியாசம், பிராண்டுக்குப் பிராண்ட் இருந்ததைவிடப் பெரியது.

பார்க்கப் போன இடங்களில் எல்லாம் விற்பவர் எங்களை நேரே உள்ளே அழைத்துப்போய் சோபாவையும் மின்கணப்பையும் காட்டுவார். மாமனார் செருப்பைக் கழற்றாமல் வெளியிலேயே நின்றுகொள்வார். ஒரு பழைய சாக்கை விரித்து அடியில் படுத்துவிடுவார். ஸ்பிரிங் பட்டைகளைச் சட்டத்தோடு கோக்கும் ஷாக்கிள் போல்ட்டுகள்தான் அவருக்கு முதல் சோதனை. நடுத்தர விலை வண்டிகள் பலவற்றில் அந்த இடத்தில் போல்ட்டைச் சுற்றிய உறையாகப் பிளாஸ்டிக் புஷ்தான் போட்டிருக்கிறார்கள்; கிரீஸ் போக வழியே கிடையாது. புஷ் தேய்ந்து, போல்ட் இரும்பைத் தின்னத் தொடங்கி, துளை முட்டை வடிவமாகிவிடும். "லாரியில் இதைச் செய்தால் ஓட்டுநர் அடிக்க வருவார்" என்று அடியிலிருந்தே குரல் வரும். வெண்கல புஷ்ஷும் கிரீஸ் ஏற்றும் நிப்பிளும் உள்ள போல்ட்டாக மாற்றியிருந்தால், அந்த உரிமையாளர் வண்டியைப் புரிந்தவர் என்று அர்த்தம்.

டயரில் தேய்மானத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடுகிறது. பக்கச் சுவரில் டிஓடி எழுத்துகளோடு வரும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் பிறந்த தேதி: 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறு ஆண்டைத் தாண்டிய டயரோடு ராஜர்ஸ் கணவாய் ஏற எனக்குத் துணிவில்லை.

கூரை என் பங்கு. ஏணி கேட்டு ஏறுவேன். தர மறுத்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். ரப்பர் அல்லது டிபிஓ என்ற பிளாஸ்டிக் விரிப்பு, அதில் துளையிட்டு வைத்த காற்றுப் போக்கிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் பூசிய பசை. பசை வெடித்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கும். டிரெய்லரைக் கொல்வது தண்ணீர்தான். இறங்கிய பிறகு பக்கச் சுவரில் கன்னத்தை ஒட்டி, வெளிச்சத்துக்கு எதிராக நீளவாக்கில் பார்க்க வேண்டும். ஃபைபர் தகடு உப்பியிருந்தால் உள்ளே மரப்பலகை ஊறி, ஒட்டு விட்டுவிட்டது என்று பொருள். பட்டறையில் அதைச் சரிசெய்யும் செலவு வண்டி விலையோடு போட்டி போடும். முன்பக்கம் கிங்பின் பெட்டி சேரும் மூலையில் வெடிப்போ உப்பலோ இருந்தால் சட்டம் வளைந்து கொடுக்கிறது என்ற சந்தேகம் வர வேண்டும். உள்ளே அலமாரிகளின் மேல் மூலையில் கறை, நீளும் அறையின் ஓரத் தரையில் காலை வைத்தால் அமுங்குவது, கதவு திறந்ததும் வரும் ஈர வாடை ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ளலாம். கால்கரிக்கு என்று தனியாக ஒன்று உண்டு, ஆலங்கட்டி. 2020 ஜூன் 13 அன்று நகரின் வடகிழக்கில் விழுந்த ஆலங்கட்டியில் வீட்டுச் சுவர்களே சல்லடையாயின. அந்த வட்டாரத்தில் வெளியில் நின்ற வண்டி என்றால் கூரை மூடிகளையும் ஏசி உறையையும் கூடுதலாகப் பார்ப்போம்.

கடைசியாகத்தான் உள்ளே போவோம், அது என் மனைவியின் நேரம். "ஏங்க, இந்தப் புகைபோக்கி வெளியே போகிறதா, இல்லை சுற்றி நம் முகத்துக்கே வருகிறதா?" என்று அவள் கேட்ட கேள்விக்குப் பல விற்பனைக்காரர்களிடம் பதில் இல்லை. வெளிச்சுவரில் அதற்கான சிறு மடல் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். கடுகு தாளித்தால் புகை உணரி அலறும் அளவுக்குத்தான் இந்த அடுப்படிகளில் இடம். அதைவிட முக்கியமானது நீராவி. குக்கரில் சோறும் இட்லிப் பானையில் ஆவியும் காஸ் அடுப்பின் ஈரமும் சேர்ந்து, ஜாஸ்பரின் குளிர்ந்த இரவில் சன்னல் முழுவதும் தண்ணீராக வழியும். அந்த ஈரம் சுவருக்குள் புகுந்தால் மழை ஒழுகியதற்குச் சமம். எனவே அடுப்புக்கு அருகில் நல்ல கூரை விசிறி உள்ள வண்டிதான் வேண்டும் என்பதில் அவள் அசையவில்லை. ஃபிஃப்த் வீலில் பெரிய படுக்கையறை மேல்தட்டில், இரண்டு மூன்று படி ஏறி இருக்கும். மாமியாருக்காகக் கீழே பின்பக்கத்தில் இன்னொரு சிறு அறையும் உள்ள அமைப்பைத் தேடினோம். நான்கு பருவமும் தாங்கும் என்று பக்கத்தில் எழுதியிருப்பதற்கு நான் ஒரு டாலர்கூட அதிகம் தர மாட்டேன். அக்டோபரில் குழாய்களைக் காலி செய்து, இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவம் ஊற்றி மூடிவைப்பதுதான் இங்கு வழக்கம்.

கடைசியில் லகோம்ப் அருகே ஒரு விவசாயத் தம்பதியிடம் எங்கள் வண்டி கிடைத்தது. கோதுமைக் கொட்டகைக்குள் நின்றிருந்ததால் கூரை வெயில் பட்டு வெளுக்கவில்லை. கூரைப் பசை ஒவ்வொரு ஆண்டும் புதுப்பித்த தேதி ஒரு நோட்டில் இருந்தது. டயர்கள் மட்டும் பழையவை. மாமனார் தமிழில் சொல்ல நான் மொழிபெயர்க்க, நான்கு டயரின் விலையைக் குறைத்தார்கள். இரண்டு கிழவர்களும் ஆக்சிலைப் பற்றிச் சைகையிலேயே வெகுநேரம் பேசிக்கொண்டார்கள். தனியாரிடம் வாங்கினால் ஆல்பர்ட்டாவில் விற்பனை வரி கிடையாது. கடையில் வாங்கினால் 5 சதவீத ஜிஎஸ்டி. பணம் கொடுக்கும் முன் பதிவு அலுவலகத்தில் வண்டியின் வரிசை எண்ணைக் கொடுத்து, அதன்மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தோம். உரிமையாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதை விடக் கூடாது. கடன் வண்டியோடு வரும்.

வீட்டு முன் நாள்கணக்கில் நிறுத்திவைக்க நகராட்சி விதி இடம் கொடுக்காது, எனவே ஊருக்கு வெளியே மாத வாடகைக்கு இடம் பிடித்திருக்கிறோம். இந்தக் கோடையில் ஒன்டாரியோ மாகாணத்து மிசிசாகாவிலிருந்து மச்சான் வந்தார், கணவாய் வழியே தானே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு. ஆல்பர்ட்டாவில் காற்று பிரேக் இல்லாத இந்த வகை டிரெய்லருக்கு என் சாதாரண ஐந்தாம் வகுப்பு உரிமமே போதும். ஒன்டாரியோவிலோ 4,600 கிலோவைத் தாண்டினால் ஏ வகுப்பு வேண்டும். அவரிடம் அது இல்லை. வழி முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு எப்போது பிரேக் பிடிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே வந்தார்.